காலாவதியான ஆங்கிலம்

மகாகனம் பொருந்திய ஆங்கிலத் தகுதித் தேர்வுத் துரைமார்களுக்கு, தேனி மாவட்டம் தேவாரத்திலிருந்து கோடி கும்பிடு.

தேவாரத்துப் பெண் ஒருத்தியின் ஆங்கிலம் போன வாரம் காலாவதியாகிவிட்டது. இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் வீட்டாருக்கே விஷயம் தெரிந்தது. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தகுதித் தேர்வில் அவள் வாங்கியது 7. இரண்டு வருஷம் தாண்டிவிட்டதாம், மறுபடி எழுத வேண்டுமாம். அந்த மின்னஞ்சலுக்கு அவள் ஆங்கிலத்தில்தான் பதில் எழுதினாள். கெட்டுப்போன சரக்கு என்று தெரியாமல் அவர்களும் அதைப் படித்துப் புரிந்துகொண்டு நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

எல்கேஜியிலிருந்து பி.இ. வரை ஆங்கிலத்துக்குள்ளேயே குடியிருந்தவள் அவள். அம்மா விடியுமுன் ஜீப்பேறி, மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துக் கட்டிய ஃபீஸ். பிறகு சென்னையில் வேலை, ராத்திரி முழுக்க அமெரிக்கக்காரர்களோடு பேச்சு. அவர்களில் ஒருவர்கூடத் தேதி பார்த்து வாங்கவில்லை.

துரைமார்களின் தாராளத்தையும் சொல்ல வேண்டும். தேர்வே எழுத வேண்டாம் என்று பிரிட்டிஷ் உள்துறை விட்டுவைத்திருக்கும் ஆங்கில நாடுகளின் பட்டியலில் மால்டா உண்டு, பெலீஸ் உண்டு. அவர்களுடைய ஆங்கிலம் ஆவக்காய் ஊறுகாய், எத்தனை வருஷமானாலும் கெடாது. இந்தியா கிடையாது, நைஜீரியாவும் கிடையாது. 2021-இல் நைஜீரிய இளைஞர்கள் கையெழுத்து வேட்டையே நடத்திப் பார்த்தார்கள். பட்டியல் அசையவில்லை.

அதே ஆண்டு, பிரிட்டிஷ் கவுன்சில் இந்தியாவில் நடத்திவந்த ஐஇஎல்டிஎஸ் தொழிலை ஆஸ்திரேலியாவின் ஐடிபி நிறுவனம் 13 கோடி பவுண்டுக்கு வாங்கியது. இரண்டே வருஷத்தில் கெடும் பொருளுக்கு இத்தனை விலையா என்று விவரமில்லாதவர்கள் கேட்கலாம். கெடுவதால்தானே அந்த விலை!

தேர்வு எழுத அவள் தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி தாண்டி மதுரைக்குப் போக வேண்டும். அதே மதுரையில்தான் உயர்நீதிமன்றக் கிளையும் இருக்கிறது. தேவாரத்து விவசாயியின் நில வழக்கு அங்கே போனால் ஆங்கிலத்தில்தான் நடக்கும். அரசமைப்பின் 348ஆம் பிரிவு அப்படி. தமிழிலும் நடக்கட்டும் என்று 2006-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் கதை மாறவில்லை. தன் வரப்பைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்றே புரியாமல் ஒருவன் கைகட்டி நிற்கிறான், அவ்வளவு ஆங்கிலம் இந்த மண்ணில். அவன் மகள் படிக்கக் கிளம்பினால் மட்டும், உன் நாடு ஆங்கில நாடு இல்லை என்பார்களாம். இது பித்தலாட்டம். ரூ.15,000-க்கு மேல் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்கிற பித்தலாட்டம்.

மன்னிக்க வேண்டும், துரைமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பெரிய இடத்து வம்சம். 1812-இல் சென்னையில் கோட்டைக் கல்லூரி தொடங்கி, தமிழ் படித்துத் தேறிய கம்பெனி அதிகாரிகளுக்குப் பணப் பரிசு கொடுத்த வம்சம். அந்தத் துரைகளின் தமிழுக்கு யாராவது காலாவதித் தேதி குத்தினார்களா என்று மட்டும் தெரிவித்தால் உபகாரமாயிருக்கும்.

பணம் கட்டியாயிற்று. பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். சொந்த ஊரைப் பற்றிக் கேட்பது வழக்கமாம். அவள் 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில் ஆரம்பிப்பாள். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் யாரை நிறுத்திக் கேட்டாலும் அங்கேதான் ஆரம்பிப்பார்கள், ஆரம்பித்தால் லேசில் நிறுத்தவும் மாட்டார்கள். தேர்வாளர் மத்தியானச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுவருவது உத்தமம்.