வறுமை ஒழிந்த ஆண்டு 2002

உங்களுக்குச் செய்தி வந்து சேராமல் போயிருக்கலாம். தெற்காசியாவில் வறுமை 2002-இல் ஒழிந்துவிட்டது. 1993-இல் டாக்காவில் கூடிய, தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் தலைவர்கள் ஏகமனதாக எடுத்த முடிவு அது. 'கூடுமானவரை 2002-க்குள்' என்று கெடுவும் வைத்தார்கள். கைதட்டினார்கள். விருந்து சாப்பிட்டார்கள். விமானம் ஏறினார்கள்.

கெடு ஆண்டு வந்தது. 2002 ஜனவரியில் காத்மாண்டுவில் அதே சார்க் மாநாடு. வறுமையை ஒழிப்போம் என்று மறுபடி சொன்னார்கள். பாகிஸ்தான் அதிபர் முஷாரப் மேடையில் நடந்து போய் இந்தியப் பிரதமர் வாஜ்பாயிடம் கை நீட்டினார். வாஜ்பாய் குலுக்கினார். மறுநாள் ஏடுகளில் அந்தக் கைதான். பிறகு யாருக்கோ உறுத்தியிருக்க வேண்டும். 2006 முதல் 2015 வரையிலான பத்தாண்டை வறுமைத் தணிப்புக்கென்று ஒதுக்கினார்கள். 2002-இல் ஒழிந்துபோனதற்கு 2006-இல் எதற்குப் பத்தாண்டு என்று கேட்கிறீர்களா? கேட்கக் கூடாது. நமக்கு ராஜதந்திரம் புரியாது.

இந்தக் கூட்டாளிகளின் ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்டுவோம். 1985 டிசம்பர் 8, டாக்கா. சார்க் சாசனத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் ஏழு பேர். வரவேற்றவர் எர்ஷாத், ராணுவப் புரட்சியில் நாற்காலியைப் பிடித்த தளபதி. பாகிஸ்தானிலிருந்து வந்தவர் ஜியா உல் ஹக், இன்னொரு தளபதி. அவர் கையெழுத்துப் போட்ட அன்றுகூட அவர் நாட்டில் ராணுவச் சட்டம் விலகவில்லை. நேபாளத்திலிருந்தும் பூட்டானிலிருந்தும் இரண்டு அரசர்கள். மாலத்தீவின் கயூம் 30 ஆண்டு ஆண்டவர். அங்கே அப்போது தேர்தல் உண்டு, வேட்பாளர் ஒருவர்தான். இலங்கையின் ஜெயவர்தனா இன்னும் கெட்டிக்காரர். 1982-இல் நாடாளுமன்றத் தேர்தலே வேண்டாமென்று ஒரு வாக்கெடுப்பு நடத்தி, இருந்த சபையின் ஆயுளை நீட்டிக்கொண்டார். மிச்சம் ராஜீவ் காந்தி. முறையாகத் தேர்தலில் ஜெயித்து வந்தவர்தான், மறுக்கவில்லை. பத்தாண்டுக்கு முன் நெருக்கடி நிலையைக் கொண்டுவந்த கட்சியிலிருந்து வந்தவர், அவ்வளவே.

இப்படி ஏழு பேர் கூடினால் எப்படிப்பட்ட சாசனம் வரும்? அதன் 10-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. எல்லா முடிவும் ஏகமனதாக இருக்க வேண்டும். இரு நாடுகளுக்கு இடையிலான விவகாரங்களும் சர்ச்சைக்குரிய விவகாரங்களும் பேச்சில் வரக் கூடாது. சொத்துத் தகராறைத் தீர்க்கப் பஞ்சாயத்தைக் கூட்டிவிட்டு, சொத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று பாயில் உட்காரும்போதே சத்தியம் வாங்கிக்கொள்வது போல. காஷ்மீர் பேசக் கூடாது. கச்சத்தீவு பேசக் கூடாது. ஃபராக்கா அணை, தீஸ்தா நதி, காலாபானி எல்லை, எதுவும் கூடாது. மிச்சம் என்ன இருக்கிறது? ஆண்டுகளுக்குப் பெயர் வைக்கலாம். 1990 பெண் குழந்தை ஆண்டு. 1992 சுற்றுச்சூழல் ஆண்டு. 1994 இளைஞர் ஆண்டு. பெண் குழந்தையை யாரும் எதிர்க்க மாட்டார்கள், கூட்டறிக்கையில்.

ஜனநாயகத்துக்கும் ஒரு சாசனம் உண்டு. 2011 பிப்ரவரியில் திம்புவில், அதற்குள் ஆப்கானிஸ்தானும் சேர்ந்து எட்டாகியிருந்த நாடுகளின் அமைச்சர்கள் ஏற்றது. தேர்ந்தெடுத்த அரசை அரசியல் சட்டத்துக்குப் புறம்பாகக் கவிழ்ப்பதை நாங்கள் ஏற்க மாட்டோம் என்று அதில் உறுதி சொன்னார்கள். அதே ஆண்டு நவம்பரில் மாலத்தீவின் அட்டுவில் உச்சி மாநாடு. அதற்கென்றே ஒரு மாநாட்டு அரங்கம் கட்டினார்கள். 'பாலங்கள் அமைப்போம்' என்பது முழக்கம். விருந்தோம்பியவர் அதிபர் நஷீத். மூன்றே மாதத்தில் நஷீத் பதவி விலகினார். துப்பாக்கி முனையில் விலக வைத்தார்கள் என்று அவரே சொன்னார். அரசு மாறியதும் வாழ்த்துச் செய்திகள் போயின. ஜனநாயக சாசனம் எங்கே இருந்தது? கோப்பில் இருந்தது. பத்திரமாக.

கடைசியாக நடந்த உச்சி மாநாட்டின் கூட்டுப் படம் ஒன்று இருக்கிறது. 2014 நவம்பர், காத்மாண்டு. அதில் நிற்கும் எட்டுப் பேரைப் பாருங்கள். ஆப்கானிஸ்தானின் அஷ்ரஃப் கனி 2021-இல் நாட்டை விட்டு ஓடினார். வங்கதேசத்தின் ஷேக் ஹசீனா 2024-இல் ஹெலிகாப்டர் ஏறினார். நவாஸ் ஷெரீஃபை உச்ச நீதிமன்றம் பதவியிலிருந்து இறக்கியது, பிறகு சிறைக்கும் போனார். மாலத்தீவின் யாமீனும் கம்பி எண்ணியவர்தான். மஹிந்த ராஜபக்ச அடுத்த தேர்தலில் தோற்று, பிரதமராகத் திரும்பி வந்து, 2022-இல் கொழும்புத் தெருக்கள் கொதித்தபோது இறங்கினார். பூட்டானின் தோப்கே தோற்றார், மறுபடி ஜெயித்தார். ஒழுங்காகத் தோற்று ஒழுங்காகத் திரும்பியவர் அவர் ஒருவர்தான், பாராட்டலாம். தலைமை தாங்கிய சுசில் கொய்ராலா 2016-இல் காலமானார். மோடி இருக்கிறார்.

சார்க்கின் தலைமைப் பொறுப்பும் இருக்கிறது, நேபாளத்திடமே. அடுத்த மாநாடு நடந்தால்தானே கைமாற்ற முடியும்? 2016-இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது, காஷ்மீரின் உரித் தாக்குதலுக்குப் பின் நின்றது. இடையில் நேபாளத்தில் பிரதமர்கள் வந்தார்கள், போனார்கள், திரும்ப வந்தார்கள். 2025 செப்டம்பரில் இளைஞர்கள் அங்கே நாடாளுமன்றக் கட்டடத்துக்கே தீ வைத்தார்கள். சார்க் தலைமை மட்டும் ஆடவில்லை, அசையவில்லை. காத்மாண்டுவில் செயலகம் இயங்குகிறது. பொதுச் செயலாளர் இருக்கிறார். எட்டு நாட்டு வரிப்பணம் இருக்கிறது. டிசம்பர் 8 வந்தால் வாழ்த்துச் செய்தி வருகிறது. கூடாத மாநாட்டுக்கு இவ்வளவு ஒழுங்கான அலுவலகம் உலகில் வேறெங்கும் உண்டா தெரியவில்லை.

வணிகத்துக்கு வருவோம். தடையற்ற வணிக ஒப்பந்தம் 2004-இல் கையெழுத்தாகி 2006-இல் நடைமுறைக்கு வந்தது. பெயர் சாஃப்டா. வரியைக் குறைப்பார்களாம், ஆனால் ஒவ்வொரு நாடும் வரி குறைக்காத பொருள்களுக்குத் தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுமாம். பக்கத்து நாடு எதை நன்றாக விற்குமோ அதைத்தானே பட்டியலில் போடுவார்கள்? மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வணிகம் இந்தப் பட்டியல்களுக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஒட்டிக் கிடக்கும் இந்த நாடுகள் தங்களுக்குள் செய்யும் வணிகம் மொத்தத்தில் சுமார் 5 சதவீதம். ஆசியானில் அது 25 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. இந்திய வியாபாரிக்கு பாகிஸ்தானுடன் வணிகம் செய்வதைவிட பிரேசிலுடன் செய்வது 20 சதவீதம் மலிவு என்று உலக வங்கி 2018-இல் கணக்குச் சொன்னது. அமிர்தசரஸிலிருந்து லாகூர் 50 கிலோமீட்டர். பிரேசில் எங்கே இருக்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேளுங்கள்.

அதற்குப் பிறகு வந்தது உலக வங்கியின் அந்தக் கணக்கில் இல்லை. 2019-இல் இந்தியா பாகிஸ்தான் சரக்குக்கு 200 சதவீத வரி போட்டது. பாகிஸ்தான் வணிகத்தையே நிறுத்தியது. 2025-இல் அட்டாரி எல்லை வாசலையும் மூடினார்கள். சரக்கு நின்றதா? துபாய் வழியாகப் போயிற்று. விலையில் துபாய் தரகும் ஏறியது. வாங்கியவர்கள் கொடுத்தார்கள், அதாவது நாம்.

அதே 2025-இல் ஆசியக் கோப்பை. ரத்தமும் தண்ணீரும் ஒன்றாக ஓடாது என்றவர்கள் துபாயில் கிரிக்கெட் ஆட ஓடினார்கள். விளம்பர நேரம் விற்றார்கள். கை மட்டும் குலுக்கவில்லை. 2002-இல் குலுக்கியது செய்தி. 2014-இல் மாநாட்டின் கடைசி நாளில் மோடியும் ஷெரீஃபும் குலுக்கியது செய்தி. 2025-இல் குலுக்காதது செய்தி. நாற்பது ஆண்டு ஒத்துழைப்பில் நமக்குக் கிடைத்தது கைதான்.

2014 மாநாட்டில் மூன்று ஒப்பந்தங்கள் கையெழுத்தாக வேண்டியிருந்தது. சாலைப் போக்குவரத்து, ரயில், மின்சாரம். எங்கள் உள்நாட்டு நடைமுறை இன்னும் முடியவில்லை என்றது பாகிஸ்தான். கையெழுத்தானது மின்சாரம் மட்டும். அதன் பலனையும் சொல்ல வேண்டும். நேபாளத்தில் ஆறு இருக்கிறது, மழை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது. வங்கதேசத்துக்கு மின்சாரம் வேண்டும். நடுவில் இந்தியாவின் சிலிகுரி இடுக்கு, குறுகலான இடத்தில் 22 கிலோமீட்டர். ஒப்பந்தம் போட்டுப் பத்தாண்டு கழித்து, 2024 நவம்பர் 15 அன்று மின்சாரம் பாய்ந்தது. எவ்வளவு? 40 மெகாவாட். உடன்பாட்டின்படி ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரைதான் மின்சாரம் தரலாம். அதாவது, பருவத்தின் கடைசி நாளில் திறந்து வைத்தார்கள். அன்றைக்கே நிறுத்தினார்கள். திறப்பு விழாவும் மூடுவிழாவும் ஒரே செலவில் முடிந்தது. சிக்கனம் என்றால் இது.

வளங்குன்றா வளர்ச்சியிலும் தாராளம்தான். 2010-இல் திம்புவில், ஐந்தாண்டில் ஒரு கோடி மரம் நடுவோம் என்றார்கள். அன்றைக்கு இந்த வட்டாரத்தின் மக்கள்தொகை சுமார் 160 கோடி. நூற்று அறுபது பேர் சேர்ந்து ஐந்தாண்டில் ஒரு மரம். கன்றுக்குக் குழி வெட்ட ஆள் போதாது என்ற கவலை மட்டும் நிச்சயம் இருந்திருக்காது. கார்த்திகை வந்தால் டெல்லியும் லாகூரும் ஒரே புகையைத்தான் சுவாசிக்கின்றன. காற்று மாசைத் தடுக்க 1998-இல் மாலேயில் ஒரு பிரகடனம் போட்டார்கள். அதில் இரண்டு நாடும் உண்டு. இரும வேண்டியது மட்டும் நம் பங்கு.

சார்க் படுத்துவிட்டது என்றதும் டெல்லி சொன்னது, கவலை வேண்டாம், பிம்ஸ்டெக் இருக்கிறது. வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டு, 1997-இல் பிறந்தது. செயலகம் கிடைக்க 17 ஆண்டு. சாசனத்தில் கையெழுத்துப் போட 25 ஆண்டு. தடையற்ற வணிகத்துக்கான சட்டக ஒப்பந்தம் 2004-இல் போட்டார்கள், வணிக ஒப்பந்தம் இன்னும் வந்தபாடில்லை. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் ஆறாவது உச்சி மாநாடு. தேர்தலில் ஜெயித்தவர்களைச் சிறையில் போட்டு மியான்மரைப் பிடித்த மின் ஆங் ஹ்லைங் அங்கே ராஜ மரியாதையோடு உட்கார்ந்திருந்தார். 1985 டாக்காவில் இரண்டு தளபதிகள், இங்கே ஒருவர். முன்னேற்றம் இல்லை என்று யார் சொன்னது?

இனி நம் கடல். சார்க்கில் 1992 முதல் விசா விலக்குத் திட்டம் என்று ஒன்று உண்டு. 24 வகையினர் அதில் வருவார்கள். நாடாளுமன்ற உறுப்பினர், உயர் நீதிமன்ற நீதிபதி, மூத்த அதிகாரி, தொழிலதிபர், பத்திரிகையாளர், விளையாட்டு வீரர். விசா கேட்டால் யாரும் மறுக்காத ஆட்களுக்கெல்லாம் விசா விலக்கு. மீனவன் அந்தப் பட்டியலில் இல்லை. ராமேஸ்வரத்து விசைப்படகு எல்லை தாண்டினால் சிறை, படகு பறிமுதல், கோடிக்கணக்கில் அபராதம். 2024-இல் மட்டும் இலங்கைக் கடற்படை பிடித்தது 500 பேருக்கு மேல். அந்தப் பக்கம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் நம் இழுவை மடி கிழித்துப் போட்ட வலையோடு உட்கார்ந்திருப்பவனும் தமிழ் மீனவன்தான். போர் முடிந்து கடலுக்கு இறங்கியவன் வயிற்றில் நாமும் அடித்தோம், இதை மேடையில் சொல்ல எந்தக் கட்சிக்கும் வாய் வராது. இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேச ஒரு வட்டார மன்றம் இருக்கிறதே என்பீர்கள். 10-ஆம் பிரிவு. மறந்துவிட்டீர்களா?

கப்பல் விட்டார்களே என்பீர்கள். 2011-இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு விட்டார்கள், சில மாதங்களில் நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு. பிரதமர் காணொளியில் கொடியசைத்தார். சில நாளில் நிறுத்தினார்கள். காரணம், வடகிழக்குப் பருவமழை. அக்டோபரில் நாகையில் மழை வரும் என்று டெல்லியில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வட்டார ஒத்துழைப்பு எதுவுமே நடக்கவில்லை என்று சொன்னால் பாவம். ஒன்று தவறாமல் நடக்கிறது. சார்க்கில் அல்ல, சாசனம் பேசத் தடைபோட்ட இருதரப்பு விவகாரத்தில். ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் இந்தியாவும் பாகிஸ்தானும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்கின்றன, தாக்காமலிருக்க. 1992-இலிருந்து ஒரு வருடமும் தவறவில்லை. கார்கில் போரிலும் தவறவில்லை. அதே நாளில் இன்னொரு பட்டியலும் கைமாறும், சிறையில் வைத்திருக்கும் மற்றவர் நாட்டு ஆட்களின் பெயர்கள். 2025 ஜனவரி 1-இல் பாகிஸ்தான் கொடுத்த பட்டியலில் இந்திய மீனவர்கள் 217 பேர். இந்தியா கொடுத்ததில் பாகிஸ்தான் மீனவர்கள் 81 பேர். சிறைப் பட்டியல் மட்டும் ஆண்டுக்கு இரண்டு முறை. இரண்டாவது தவணை ஜூலை 1.