எந்த நாட்டுக்காரன் நீ, பேராண்டி?

வண்டி முன்னாடி 'கொங்குடா'ன்னு ஒட்டிக்கிட்டு 20 கொண்டை ஊசி வளைவையும் ஒரே மூச்சுல ஏறி வந்திருக்கயே கண்ணு, சந்தோசம். பெட்ரோல் காசும் உன்னுது, ஸ்டிக்கரும் உன்னுது, நான் எதுக்குக் குறுக்க வரணும்? ஒரே ஒரு சந்தேகத்தைத் தீர்த்து வச்சுட்டுப் போ. அந்தக் கொங்கு எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது? நம்ம வாழவந்தி அதுக்கு உள்ளயா, வெளியயா? படிச்சவன் நீதான் சொல்லணும். நான் காப்பிச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவுல வயசைத் தொலைச்ச கிழவன். ஃபோனைத் தடவாத. அது இன்னைக்கு ஒரு எல்லை சொல்லும், தேர்தல் வந்தா வேற எல்லை சொல்லும்.

பேரு பழசுதான், அதுல பொய் இல்லை. சங்கப் பாட்டுலயே கொங்கர்னு ஒரு சனம் வருது. மாடு மேய்ச்சுக்கிட்டு, கட்டாந்தரையைத் தோண்டித் தண்ணி எடுத்துப் பொழைச்ச சனம். அப்பக் கொங்குன்னா முதல்ல ஆளுங்க, அப்புறம்தான் நிலம். மாடு மேயுற வரைக்கும் கொங்கு. புல்லு தீர்ந்தா கொங்கும் நாலு காதம் நகர்ந்துக்கும். அதுக்கப்புறம் வந்த எந்தத் தாசில்தாரும் இவ்வளவு சண்டையில்லாத எல்லையைப் போட்டதா எனக்குத் தெரியலை.

அப்புறம் சோழன் படையோட வந்தான். வந்தவன் சும்மா போவானா? வீரசோழ மண்டலம்னான், அதிராசராச மண்டலம்னான், கல்லுல வெட்டியும் வச்சான். கல்லு இன்னும் இருக்குது, பேரு எங்க? வேணும்னா உன் வண்டியில 'அதிராசராச மண்டலம்டா'ன்னு ஒட்டிக்கிட்டு சேலம் அஞ்சு ரோட்டுப் பக்கம் போய்ப் பாரு. போலீஸ்காரரு ஓரங்கட்டி லைசென்ஸ் கேப்பாரு.

பேரு நிலைச்சது புலவருங்க வாயில. கார்மேகக் கவிஞர்னு ஒருத்தரு கொங்கு மண்டலத்துக்கே சதகம் பாடினாரு. வடக்க பெரும்பாலை, தெக்க பழனிப் பக்கம், மேக்க வெள்ளிமலை, கெழக்க குளித்தலைன்னு எல்லை சொல்ற வழக்கம் அந்தப் பாட்டுக் காலத்துது. உள்ளுக்குள்ள 24 நாடு. பூந்துறை நாடு, காங்கேய நாடு, ராசிபுர நாடுன்னு வரிசையா வரும். அந்த 24-ல வாழவந்தி நாடுன்னு ஒண்ணும் இருக்குது தெரியுமா?

பாரு, மூஞ்சி மலர்ந்துருச்சு! 'தாத்தா, அப்ப நாம கொங்குதான்'னு துள்ளாத. அந்த வாழவந்தி கீழ நாமக்கல் பக்கத்துச் சமவெளியில இருக்குது. கொல்லிமலைக்குப் போனா அங்கயும் ஒரு வாழவந்தி நாடு. சேர்வராயன் மலையில நம்ம வாழவந்தி. ஒரே பேரு மூணு எடத்துல உக்காந்திருக்குது. பட்டியல்ல பேரைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்கிறவன் முதல்ல எந்த வாழவந்தின்னு கேட்டுக்கணும்.

'நாடு'ன்னு சொல்லித்தான கீழ எல்லாரும் நரம்பு புடைக்கிறாங்க? கொல்லிமலையில பஞ்சாயத்துப் பேரையெல்லாம் வாசிச்சுப் பாரு. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு. எல்லாமே நாடுதான், ஒண்ணுக்கும் கொடி கிடையாது, பாஸ்போர்ட்டும் கிடையாது. மலைக்காரனுக்கு நாடுன்னா சேர்ந்தாப்பல பத்துக் குக்கிராமம். நாட்டுக் கவுண்டர் கூட்டிப் பேசினா நல்லது கெட்டது தீந்து போகும். கவுண்டர்னதும் நெஞ்சை நிமித்தாத. இந்தச் சீமையில அந்தப் பட்டத்தை உரக்கக் கூப்பிட்டா நாலஞ்சு சாதிக்காரன் 'என்னங்க'ன்னு திரும்புவான். அதுல நம்ம மலைச் சனமும் உண்டு.

இன்னொரு சங்கடம் கேளு. நம்ம பெரியவங்க வழிவழியாச் சொல்ற கதைப்படி நாம காஞ்சிபுரத்துலருந்து வந்தவங்க. அண்ணந்தம்பி மூணு பேரு, ஆளுக்கொரு மலையா சேர்வராயன், கொல்லி, பச்சைமலைன்னு பிரிஞ்சாங்களாம். காஞ்சின்னா தொண்டை நாடு. அந்தக் கணக்குல உன் வண்டியில 'தொண்டைடா'ன்னுதான் ஒட்டணும். படிக்கிறவன் தொண்டையில புண்ணுன்னு நினைச்சு மாத்திரை வாங்கிக் குடுப்பான். சாதிச் சான்றிதழ்ல நம்மளை மலையாளின்னு போட்டிருக்குது. மலையை ஆண்டு பொழைக்கிறவன் மலையாளி. நாம பேசுறதோ தமிழு. எர்ணாகுளத்துக்கு வேலைக்குப் போன நம்ம ஊருப் பையன் 'நானும் மலையாளிதானுங்க'ன்னு சொல்லிட்டு அங்க பட்ட பாடு இருக்குதே, அது தனிக் கதை.

பேரு மலையேறி எறங்குற கூத்தைப் பார்க்கணும்னா கர்நாடகத்தைப் பாரு. அது மேட்டுச் சீமைக் கன்னட தேசத்துக்குப் பேரு. விசயநகர ராஜாங்கத்துக்கு அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. ராஜாங்கம் கணவாய் எறங்கித் தமிழ்ச் சமவெளியையும் ஆண்டப்ப பேரும் கூடவே எறங்குச்சு. வெள்ளைக்காரன் வந்த காலத்துல ஆற்காட்டு நவாப்புதான் கர்நாடக நவாப்பு. 1746-லருந்து 1763 வரைக்கும் கர்நாடகப் போர்னு மூணு போரு, பெரும்பாலும் நடந்தது தமிழ் மண்ணுல. பேருக்குச் சொந்தக்காரன் மேல மைசூர்க்காரனா இருந்தான், பேரு கீழ நம்ம கிட்ட இருந்துச்சு. கடைசியா 1973 நவம்பர் 1-ந் தேதி மைசூர் மாநிலம் தன் பேரைத் தானே எடுத்துக்கிச்சு. நமக்கு மிஞ்சினது சபாவுல பாடுற கர்நாடக சங்கீதமும், 'தாத்தா சுத்தக் கர்நாடகம்'னு பேரப் புள்ளைங்க வையுற வார்த்தையும்தான். போன பொங்கலுக்கு நீயும் என்னை அப்படிச் சொன்ன. எனக்குக் கண்ணுதான் மங்கல், காது நல்லாவே கேக்குது.

நம்ம கீழ்ச் சீமைக்கு வருவோம். கொங்கு நாட்டை மதுரை நாயக்கரு வச்சிருந்தாங்க, அவங்க கிட்டருந்து மைசூர்க்காரன் பிடுங்கினான். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்குப் பாரமகால்னு பேரு, 12 கோட்டைன்னு கணக்கு. அந்தப் பேருக்காக ஹைதர், திப்பு, கும்பினின்னு எத்தனை பேரு ரத்தம் சிந்துனாங்க! 1792-ல ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில திப்பு சுல்தான் சேலத்தையும் பாரமகாலையும் கும்பினிக்கு எழுதிக் குடுத்தாரு. கலெக்டரா வந்தவரு அலெக்சாண்டர் ரீடு. அவருக்கு உதவிக்கு வந்த தாமஸ் மன்றோ பின்னால சென்னைக்கே கவர்னர் ஆனவரு. அவங்க ரெண்டு பேரும் சதகம் படிக்க வரலை கண்ணு. புலத்தை அளந்தாங்க, தீர்வை போட்டாங்க, குடியானவன் பேருக்கு நேரா ரூபாய் எழுதினாங்க. ரயத்துவாரி முறைக்கு இங்கதான் பிள்ளையார் சுழி. கொங்கு ரெண்டாப் பிரிஞ்சு கோயமுத்தூர் ஜில்லா, சேலம் ஜில்லான்னு ஆச்சு. இன்னைக்குப் பாரமகாலுக்கு ஒரு கட்சி உண்டா, ஒரு ஸ்டிக்கரு உண்டா? அவ்வளவு ரத்தம் சிந்தின பேரு, இப்ப வரலாறு படிக்கிற புள்ளைங்களுக்குப் பரீட்சையில ரெண்டு மார்க்கு.

நம்ம மலையும் தப்பலை. சேர்வராயன் வெள்ளைக்காரன் நாக்குல 'செவராய்' ஆனாரு. 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டாந்து இங்க வச்சாரு. காப்பி வந்த பின்னால எஸ்டேட்டு வந்துச்சு, எஸ்டேட்டுக்கு ஒரு பேரு வந்துச்சு, பேரு வந்த எடத்துல வேலி வந்துச்சு. சேர்வராயன் சாமி மட்டும் வழக்கம் போல உச்சிக் குகையில, பக்கத்துல காவேரியம்மனோட. நம்ம சாமி காவேரியைக் கூடவே வச்சிருக்குது. கீழ ரெண்டு மாநிலம் கோர்ட்டுல நிக்குது.

கச்சேரிக் காகிதத்துலருந்து எறங்கின கொங்கு செத்துப் போச்சான்னா, இல்லை. 'ஏனுங்க, வாங்க'ங்கற பேச்சுல இருந்துச்சு. கல்யாணச் சீருல இருந்துச்சு. அரிசியும் பருப்புஞ் சோத்துல இருந்துச்சு. அப்புறம் மில்லு, லாரி, கோழிப்பண்ணைன்னு கையில காசு பொரண்டப்ப, காலேஜுக்கும் மெஸ்ஸுக்கும் மேட்ரிமோனிக்கும் பேராச்சு. 2009-ல கட்சிக்குப் பேராச்சு. அன்னைலருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் டிவிக்காரன் 'கொங்கு மண்டலம் யாருக்கு?'ன்னு படம் போடுறான். ஒருத்தன் தருமபுரியைச் சேர்ப்பான், இன்னொருத்தன் வெட்டுவான். பேருங்கறது சாக்கு மாதிரி பேராண்டி. சாக்கு மேல அச்சடிச்சது அதேதான், உள்ள கொட்டுற சரக்குதான் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு காலத்துல மாட்டுக்காரன், அப்புறம் மண்டலம், அப்புறம் சாதி, இப்ப ஓட்டு.

2021 ஜூலையை நீ மறந்திருக்க மாட்ட. ஒன்றிய அரசுன்னு சொல்லலாமா, மத்திய அரசுன்னு சொல்லலாமான்னு சென்னைக்கும் டெல்லிக்கும் பேர்ச் சண்டை நடந்துக்கிட்டு இருந்த நேரம். எல்.முருகன் மந்திரி ஆனாரு. டெல்லியில குடுத்த குறிப்புல அவரு ஊரு 'கொங்குநாடு, தமிழ்நாடு'ன்னு இருந்துச்சு. அவ்வளவுதான், தமிழ்நாட்டைப் பிரிக்கப் போறாங்கன்னு ஒரே ரகளை. தீர்மானம் ஒரு பக்கம், கண்டனம் ஒரு பக்கம். டீக்கடையில உக்காந்தே ஒருத்தன் தலைநகரம் கோயமுத்தூர்ன்னான், ஒருத்தன் ஈரோடுன்னான். ஆகஸ்டுல நாடாளுமன்றத்துல அப்படி எந்த யோசனையும் இல்லைன்னு அரசாங்கம் பதில் குடுத்துச்சு. தலைநகரம் கேட்டவனெல்லாம் டீக்குக் காசு குடுத்துட்டு எந்திரிச்சுப் போனான்.

பேருக்காகப் போராடுறதே தப்புன்னு நான் சொன்னேனா? விருதுநகர்ல சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27-ந் தேதி உண்ணாவிரதம் உக்காந்தாரு, எழுபது நாளுக்கு மேல பட்டினி கிடந்து உசிரை விட்டாரு. மெட்ராஸ் மாநிலத்துக்குத் தமிழ்நாடுன்னு பேரு வைக்கணுங்கறது அவரு கோரிக்கையில ஒண்ணு. 1967-ல அண்ணாதுரை சட்டசபையில தீர்மானம் போட்டாரு, 1969 பொங்கலுக்கு அந்தப் பேரு அமலுக்கு வந்துச்சு. 2023 சனவரியில ஆளுநர் ரவி 'தமிழகம்'ங்கறதுதான் பொருத்தமான சொல்லுன்னு பேசினப்ப ஊரே எகிறுச்சே, ஏன்? ஒருத்தன் உசிரைக் குடுத்து வாங்கின பேரு அது. வெளிநாட்டுலயும் இந்தப் பாடு உண்டு. மாசிடோனியாங்கற பேரு எங்க சீமைப் பேருன்னு கிரேக்கருங்க 1991-லருந்து மல்லுக்கு நின்னு, 2019-ல பக்கத்து நாடு 'வட மாசிடோனியா' ஆச்சு. ஒரு 'வட'வுக்கு இத்தனை வருசம்!

நான் சொல்றது வேற. பேரோட சேர்ந்து ஒரு எல்லை வருது, எல்லையோட சேர்ந்து ஒரு கணக்கு வருது. அந்தக் கணக்கு யாரை அடிக்குதுன்னு பாரு. பழங்குடிப் பட்டியல்ல நம்ம பேரு இருக்குது. மலையாளின்னு எழுதிப் பக்கத்துல மாவட்டப் பேரையும் எழுதியிருக்காங்க. தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி. வட ஆற்காடும் தென்னாற்காடும் இன்னைக்கு மாவட்டமாவே இல்லை, பட்டியல்ல மட்டும் உசிரோட இருக்குது. உசிரோட இருக்குற ஈரோட்டு மாவட்டம் அதுல இல்லை. அங்க பர்கூர் மலையில இருக்குறதும் நம்ம சனம்தான். அதே பேச்சு, அதே பேரு. சான்றிதழ் கேட்டு அவங்க மனு மேல மனுவாக் குடுத்து வருசக்கணக்கா அலைஞ்சாங்க. அந்தியூருக்கு மேல, உன் கொங்குக்கு நட்ட நடுவுல இருக்குற மலை அது. வண்டியில ஸ்டிக்கரு ஒட்டின உங்க கூட்டத்துல எத்தனை பேரு அந்த மனுவுல கையெழுத்துப் போட்டீங்க? தலையைச் சொறியாத, முடி கொட்டிரும்.

அதனால இந்தக் கர்நாடகக் கிழவன் சொல்றதைக் கேளு. ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டாம், காசு குடுத்து வாங்கினது. 'ஏனுங்க'வையும் விட்றாத, அது நல்ல பேச்சு. ஆனா நாளைக்கு எவனாவது ஒரு பேரைத் தூக்கிட்டு வந்து 'இது உன் நாடு, கிளம்பு'ன்னா மூணு கேள்வி கேளு. எல்லை எது? உள்ள யாரு, வெளிய யாரு? கணக்குப் புத்தகம் யாரு கையில? மூணுக்கும் பதில் சொன்னா உக்கார வச்சுக் காப்பி குடு. பதில் சொல்லாம 'பரம்பரை, பெருமை'ன்னு இழுத்தான்னா காப்பிக்கு அவன் கிட்டயே காசு வாங்கு. ராசா வச்ச பேரும் கலெக்டர் வச்ச பேரும் அவங்களோட போச்சு. மாடு மேய்ச்சவன் பேருதான் இன்னும் இருக்குது. அதை ஓட்டு எண்ணுறவன் கையில குடுத்துட்டு நிக்காத.