தண்டிப்பது எப்படி? புதிய கமிஷனருக்குச் சில யோசனைகள்

நாற்காலி கிடைக்கப்போவதற்கு வாழ்த்துகள் ஐயா. அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லுக்குக் கமிஷனர் என்றால் லேசுப்பட்ட வேலை இல்லை. உங்களுக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் 32 அணிகளின் முதலாளிகள். அவர்களில் யாராவது தப்புச் செய்தால் காதைத் திருக வேண்டியவரும் நீங்கள்தான். சோறு போடுகிற கைக்கு வலிக்காமல் நகம் வெட்டிவிடுகிற சாமர்த்தியம் வேண்டும். 2006 முதல் அந்த நாற்காலியில் இருக்கும் ராஜர் குடெல் எழுந்திருக்கும் நாளில் உதவட்டும் என்று, அவர் நடத்திக்காட்டிய பாடங்களிலிருந்தே இந்தக் கையேட்டைத் தொகுத்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஆட்டத்தில் பந்தைக் காலால் உதைப்பது கொஞ்சம்தான். கையால் எறிவதும் கட்டிக்கொண்டு ஓடுவதுமே மிச்சமெல்லாம். இருந்தும் பெயர் கால்பந்து. ‘நியாயமான தண்டனை’ என்பதையும் அந்தக் கணக்கிலேயே வைத்துக்கொண்டால் ராத்திரி தூக்கம் வரும்.

குற்றத்தைத் தேர்ந்தெடுத்தல்

பெரிய குற்றங்கள் பக்கம் போகாதீர்கள், கையைச் சுட்டுக்கொள்வீர்கள். எதிராளியை அடித்து ஆட்டத்தைவிட்டு அனுப்பினால் பரிசுப்பணம் என்றொரு ஏற்பாடு நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் நடந்ததாகச் சொல்லி, 2012-இல் தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டனை ஒரு சீசன் முழுக்க வீட்டில் உட்காரவைத்தார்கள். அதோடு நான்கு ஆட்டக்காரர்களுக்கும் தடை போட்டார்கள். அவர்களுடைய மேல்முறையீட்டைக் கேட்கப் பழைய கமிஷனர் பால் டாக்லியாபூவை நியமித்ததுதான் வினையாகிவிட்டது. பெரியவர் கட்டைப் பிரித்துப் படித்துவிட்டு, நால்வருடைய தண்டனையையும் ரத்து செய்துவிட்டுப் போனார். வெளியாளிடம் கொடுத்தால் இதுதான் தொல்லை. நிஜமாகவே படித்துவிடுவார்கள்.

ஆகவே சின்னதாக, கண்ணுக்குத் தெரியாததாகப் பாருங்கள். என் சிபாரிசு காற்று. காற்றுக்குச் சங்கம் கிடையாது, வக்கீல் கிடையாது.

2015 ஜனவரி 18. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபாக்ஸ்பரோவில் மழை. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸும் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸும் மோதுகிறார்கள். ஜெயிப்பவருக்கு இறுதி ஆட்டமான சூப்பர் பவுல். இந்த லீக்கில் ஒவ்வொரு அணியும் தான் தாக்கி ஆடும்போது தன் சொந்தப் பந்துகளையே எடுத்துக்கொள்ளும். பந்துக்குள் காற்று 12.5-இலிருந்து 13.5 பி.எஸ்.ஐ.க்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றடிக்க வரிசையில் நின்றவர்களுக்கு இந்த எண்கள் அன்னியமில்லை. காற்று குறைந்தால் பந்து மெத்தென்று ஆகும், ஈரக் கைக்குப் பிடி கிடைக்கும். பேட்ரியாட்ஸில் பந்தை எறியும் குவாட்டர்பேக் டாம் பிரேடிக்கு 12.5 இருந்தால் பிடிக்கும்.

இவர்கள் பந்தில் காற்றை இறக்குகிறார்கள் என்று கோல்ட்ஸ் முந்தின நாளே லீக்குக்கு எழுதிவிட்டார்கள். அந்தக் கடிதம் கையில் இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இரண்டு அணியையும் கூப்பிட்டு, ‘பந்துமேல் ஒரு கண் இருக்கிறது, ஜாக்கிரதை’ என்பீர்களா? இப்படி வெள்ளந்தியாக இருந்தால் இந்த வேலைக்கு ஆகாது ஐயா. தப்பு நடக்காமல் தடுத்துவிட்டால் தண்டிக்க என்ன மிஞ்சும்?

அளவெடுத்தல்

ஆட்டத்துக்கு முன் அளந்த எண்களை எங்கேயும் எழுதிவைக்க வேண்டாம். நடுவர் மனதில் இருந்தால் போதும். இடைவேளையில் பந்துகளை அறைக்குக் கொண்டுவந்து இரண்டு மானிகளால் அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகக் கூடாது. ஃபாக்ஸ்பரோவில் அது தானாகவே அமைந்தது. ஒன்றில் கம்பெனி முத்திரை இருந்தது, ஊசி நீளமாகவும் வளைந்தும் இருந்தது, மற்றதைவிடச் சுமார் 0.4 கூடுதலாகக் காட்டியது. பேட்ரியாட்ஸ் பந்துகள் 11-ஐ அளந்தார்கள். கோல்ட்ஸ் பந்துகளில் நான்கை அளப்பதற்குள் இடைவேளை முடிந்துவிட்டது. அந்த நான்கிலும் மூன்று, ஒரு மானியின்படி 12.5-க்குக் கீழே. இதை யாரும் கேட்கமாட்டார்கள், நீங்களாக வாயைத் திறக்காதீர்கள்.

இந்த இடத்தில் இயற்பியல் வாத்தியார் ஒருவர் கட்டாயம் குறுக்கே வருவார். கதகதப்பான அறையில் காற்றடித்த பந்தைக் குளிரில் கொண்டுபோய் வைத்தால் அழுத்தம் தானாகவே இறங்கும், பள்ளிக்கூடத்து வாயு விதி அது என்பார். வாஸ்தவம்தான். உள்ளே 12.5 இருந்த பந்து அன்றைய குளிரில் 11.3-க்கும் 11.5-க்கும் நடுவே வந்து நிற்கும் என்று, லீக் விசாரணைக்காக அமர்த்திய எக்ஸ்போனென்ட் நிறுவனமே கணக்குப் போட்டுக் கொடுத்தது. அளந்தபோது பேட்ரியாட்ஸ் பந்துகளின் சராசரி ஒரு மானியில் 11.49, இன்னொன்றில் 11.11. ஆக, ஆட்டத்துக்கு முன் நடுவர் வால்ட் ஆண்டர்சன் எந்த மானியைக் கையில் எடுத்தார் என்பதில்தான் வழக்கின் உயிரே இருக்கிறது. வளைந்த ஊசி மானியைத்தான் எடுத்ததாக அவருக்கு ஞாபகம். அப்படியானால் காற்றை இறக்கியது குளிர்தான், கதை முடிந்தது.

விசாரணை நடத்திய வக்கீல் டெட் வெல்ஸ் என்ன செய்தார் தெரியுமா? ஆட்டத்துக்கு முந்தைய அழுத்தம் இவ்வளவு என்று ஆண்டர்சன் ஞாபகத்திலிருந்து சொன்ன எண்களை அப்படியே நம்பினார். மானி விஷயத்தில் மட்டும் அவருக்கு ஞாபகப் பிசகு என்று முடிவுகட்டினார். அதே மனிதர், அதே நாள், அதே மண்டை. வேண்டிய காயை எடுத்துக்கொண்டு கறிவேப்பிலையை ஒதுக்குகிற மாதிரி. இந்தப் பத்தியை மட்டும் இரண்டு தரம் படியுங்கள், கையேட்டில் காசு பெறுகிற இடம் இதுதான்.

அதற்காக எதிர்த்தரப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. நடுவர் அறைப் பணியாளர் ஒருவர், பந்துப் பைகளோடு மைதானத்துக்குப் போகிற வழியில் கழிப்பறைக்குள் நுழைந்து தாழ் போட்டுக்கொண்டு 1 நிமிடம் 40 விநாடி உள்ளே இருந்திருக்கிறார். குறுஞ்செய்தியில் தனக்குத்தானே ‘காற்றிறக்கி’ என்ற பொருளில் பட்டப்பெயர் வேறு வைத்துக்கொண்டிருந்தார். உடம்பு இளைப்பதைப் பற்றித்தான் அப்படி எழுதினார் என்று அணித் தரப்பில் விளக்கம் வந்தது. இந்த விளக்கத்தை எழுதிக் கொடுத்த வக்கீலின் முகத்தை எழுதும்போது ஒரு தரம் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. பிரேடி பங்குக்கு, விசாரணைக்கு வந்து உட்கார்ந்த சமயத்திலேயே தன் கைப்பேசியை உடைத்துப்போடச் சொல்லிவிட்டார்.

அந்த ஆட்டத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இடைவேளையில் பேட்ரியாட்ஸ் 17-7. பந்துகளில் காற்றை முறையாக நிரப்பிக் கொடுத்த பிறகு ஆடிய இரண்டாம் பாதியில் 28-0.

அறிக்கை

முதலில் கசியவிடுங்கள், பிறகு எழுதுங்கள். 12 பந்துகளில் 11, ஒவ்வொன்றும் 2 பி.எஸ்.ஐ. குறைவு என்று முதல் வாரத்திலேயே செய்தி வந்துவிட்டது. அளந்த தாளில் அப்படி இல்லை. ஆனால் அந்தத் தாள் ஜனங்கள் கண்ணில் பட்டது மே மாதம். அதற்குள் டீக்கடை முதல் டி.வி. வரை தீர்ப்பு எழுதி முடித்தாயிற்று.

அறிக்கை கனமாக இருக்க வேண்டும். வெல்ஸ் கொடுத்தது 243 பக்கம். சொல்லைத்தான் பார்த்துப் போட வேண்டும். ‘செய்தார்’ என்று எழுதிவிட்டால் நிரூபிக்கச் சொல்வார்கள். வெல்ஸ் எழுதியதன் சாரம் இது: பணியாளர்கள் காற்றை இறக்கியிருக்க வாய்ப்பு அதிகம், பிரேடிக்கு அது குறைந்தபட்சம் பொதுவாகவாவது தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். ‘இருக்கலாம்’ என்பதன் தோளில் இன்னொரு ‘இருக்கலாம்’ ஏறி நிற்கிறது. அந்த உச்சியில் இருந்து பார்த்தால் நான்கு ஆட்டத் தடை நன்றாகவே தெரியும்.

விலைப்பட்டியல்

லீக்கின் கையேட்டில் பந்தில் கைவைத்தால் அபராதம் 25,000 டாலர் என்று அப்போது இருந்தது, வேறு நடவடிக்கைக்கும் இடம் விட்டு. கையில் பிசின் தடவிக்கொண்டு பந்தைப் பிடித்தால், அதுவும் பிடிக்காகச் செய்கிற திருட்டுத்தனம்தான், முதல் தடவைக்கு அப்போது 8,268 டாலர். 2014 நவம்பரில் மின்னசோட்டாக் குளிரில் ஹீட்டர் பக்கம் பந்தைக் காட்டிச் சூடேற்றியவர்களை எச்சரித்து அனுப்பினார்கள். மைதானத்தில் ஒலிபெருக்கி வழியாகப் போலிக் கூச்சல் போட்ட அட்லாண்டா ஃபால்கன்ஸுக்கு 3,50,000 டாலர் அபராதமும், புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஐந்தாம் சுற்று வாய்ப்பு பறிமுதலும். மணக்கவிருந்த பெண்ணை லிஃப்டுக்குள் அடித்து வீழ்த்திய ரே ரைஸுக்கு 2014 ஜூலையில் முதலில் கொடுத்த தண்டனை இரண்டே ஆட்டம். உள்ளே நடந்தது வீடியோவாக ஊர் முழுக்கத் தெரிந்த பிறகுதான் காலவரையற்ற தடை.

காற்றுக்கு? பிரேடிக்கு நான்கு ஆட்டம். அணிக்குப் பத்து லட்சம் டாலர் அபராதம், 2016-இன் முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பும் 2017-இன் நான்காம் சுற்று வாய்ப்பும் பறிமுதல். ஏன் நான்கு என்று கேட்டபோது, ஊக்கமருந்து சாப்பிட்டவனுக்கு முதல் தடவை நான்கு, அதுபோல இதுவும் என்றார் குடெல். ஒப்புமை தேடும்போது பக்கத்திலிருக்கும் பிசினைப் பார்க்காமல் தாண்டிப்போய் ஊக்கமருந்தைத் தொடுவதற்கு ஒரு தனிக் கண் வேண்டும்.

பழைய பாக்கியையும் சேர்த்து வசூலித்துக்கொள்ளலாம், தவறில்லை. இதே பேட்ரியாட்ஸ் 2007 செப்டம்பரில் நியூயார்க் ஜெட்ஸ் பயிற்சியாளர்களின் கைச்சைகைகளை மைதான ஓரத்திலிருந்து படம்பிடித்து மாட்டிக்கொண்டவர்கள். பயிற்சியாளர் பில் பெலிச்சிக்குக்கு 5,00,000 டாலர், அணிக்கு 2,50,000, கூடவே ஒரு முதல் சுற்று வாய்ப்பு. கைப்பற்றிய நாடாக்களை லீக்கே அழித்துவிட்டது. செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டர், ஏன் அழித்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். சாட்சியத்தை நீங்கள் அழித்தால் அது நிர்வாகம், அவர்கள் அழித்தால் ஒத்துழையாமை.

மேல்முறையீடு

உங்கள் தீர்ப்பின் மேல் முறையீடு வந்தால் அதையும் நீங்களே விசாரிக்கலாம். ஆட்டக்காரர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தின் 46-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. சங்கமே கையெழுத்துப் போட்ட காகிதம், யாரைக் குறை சொல்ல? டாக்லியாபூ பாடம் ஏற்கெனவே படித்தாயிற்று, ஆகவே குடெல் தானே உட்கார்ந்தார். குடெல் சொன்ன தீர்ப்பு சரிதான் என்று குடெலுக்கே தோன்றியது. செப்டம்பரில் நீதிபதி ரிச்சர்ட் பெர்மன் அதை ரத்து செய்தார். 2016 ஏப்ரலில் மேல்நீதிமன்றம் 2-1 என்று திருப்பிப்போட்டது. பிரேடி செய்தாரா இல்லையா என்பது எங்கள் வேலை இல்லை, கமிஷனருக்கு அதிகாரம் உண்டா என்பதுதான் கேள்வி, உண்டு என்றார்கள். பிசினைப் பற்றிக் கேட்டவர் மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய அந்த ஒரு நீதிபதிதான்.

அந்தக் காலத்தில் கமிஷனர்களுக்கு இந்தத் தெளிவு இல்லை. 1982 டிசம்பரில் இதே ஃபாக்ஸ்பரோவில் பனி கொட்டி, மயாமி டால்ஃபின்ஸோடு ஆட்டம் 0-0 என்று இழுத்துக்கொண்டிருந்தது. சிறையிலிருந்து வேலைக்கு வந்திருந்த கைதி ஒருவர் டிராக்டரை ஓட்டிவந்து, பேட்ரியாட்ஸ் உதைப்பவருக்கு மட்டும் ஓரிடத்தில் பனியை வழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். 3-0. எதிரணிப் பயிற்சியாளர் டான் ஷூலா கொதித்துப்போய் முறையிட்டார். அநியாயம்தான், ஆனால் முடிவை மாற்ற எனக்கு அதிகாரமில்லை என்றார் அப்போதைய கமிஷனர் பீட் ரொஸல். ‘எனக்கு அதிகாரமில்லை’ என்று ஒரு கமிஷனர் வாயால் சொன்னதற்கு நினைவுச்சின்னம் வைக்கலாம். டிராக்டருக்குத்தான் வைத்தார்கள், பேட்ரியாட்ஸ் அருங்காட்சியகத்தில்.

2015 சீசனில் சில ஆட்டங்களில் பந்துகளை இடைவேளையில் அளந்து பார்க்க லீக் ஏற்பாடு செய்தது. குளிரில் காற்று எவ்வளவு இறங்குகிறது என்று ஒரேயடியாகத் தெரிந்துவிட்டிருக்கும். அந்த எண்கள் வெளியே வரவில்லை. நீங்களும் வரவிட வேண்டாம்.

கோப்பை கொடுத்தல்

இதற்குப் பயிற்சி தேவை. பிரேடி 2016-இல் நான்கு ஆட்டம் வெளியே இருந்தார். அவர் இல்லாமலே அணி அதில் மூன்றை ஜெயித்தது. 2017 பிப்ரவரி 5, ஹூஸ்டனில் சூப்பர் பவுல். 28-3 என்று பின்தங்கியிருந்தவர்கள் 34-28 என்று அட்லாண்டாவைச் சாய்த்தார்கள். ஆட்ட நாயகன் பிரேடி. மேடைக்குக் கோப்பையோடு போன குடெலை அரங்கம் ஊளையிட்டு வரவேற்றது, ஒலிபெருக்கியில் அவர் பேசியது பாதி காதில் விழவில்லை.

அதற்கும் மறுநாள் காலையில், ஆட்ட நாயகன் கோப்பையைக் கொடுக்க அவர் பக்கத்திலேயே போய் நிற்க வேண்டும், அது சம்பிரதாயம். கையை நீட்டுங்கள். பல் தெரிகிற அளவு போதும், ஈறு தெரிய வேண்டாம். புகைப்படக்காரர்கள் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்பார்கள். நில்லுங்கள்.