ஒன்பது பேருக்கு நான்கு முட்டை: நூலறு முறையும் பங்கீட்டுச் சிக்கல்களும்

ஆய்வெல்லை

ஒற்றைச் சம்பளத்தில் பெரிய குடும்பத்தை நடத்தும் கலை பற்றி நம்மவர் எழுதியதெல்லாம் ரசத்தில் தண்ணீர் ஊற்றுவதோடு நின்றுவிட்டது. திடீர் விருந்தாளி, ஒரு செம்பு வெந்நீர், ஒரு சிட்டிகை உப்பு என்ற அந்தப் பொருளில் இனிச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இவ்வாய்வாளர் அதைத் தொடவில்லை. நீர்ப்பொருளை நீட்டுவது கரண்டி பிடித்த எவருக்கும் கைவரும். சிக்கல் திடப்பொருளில்தான் இருக்கிறது. அதிலும் எண்ணிவிடக்கூடியதும், எல்லோருக்கும் பிடித்ததும், தட்டில் விழுந்த கணமே பக்கத்துத் தட்டோடு ஒப்பிடப்படுவதுமான திடப்பொருளில். அவித்த முட்டையை விட்டால் இந்த மூன்று இலக்கணமும் பொருந்துவது வேறில்லை.

கள எல்லை: மதுரைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு வாடகை வீடு. காலம் 1980களின் பிற்பகுதி. உறுப்பினர்கள்: அப்பத்தா, அப்பா, அம்மா, கல்யாணம் ஆகாத சித்தப்பா, பிள்ளைகள் ஐவர். மூத்தவர் அக்கா. எஞ்சிய நால்வரும் ஆண்கள். அவர்களில் இரண்டாமவர் இவ்வாய்வாளர். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு வருவார். பையில் நான்கு முட்டைகள் இருக்கும். ஏன் நான்கு என்று எவரும் கேட்டதில்லை. ஐந்தாவதுக்குக் காசு இருந்தால் அது நோட்டுப் புத்தகத்துக்குப் போகும் என்பது வீட்டில் பேசாமலே விளங்கியிருந்த சட்டம்.

அளவையியல்

அரிசிக்கு அரசியல் உண்டு. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி என்று பேசி ஆட்சியே மாறியது. 2008இல் கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 முதல் அரிசி அட்டைக்கு விலையே இல்லை. பருப்பும் பாமாயிலும்கூட 2007இல் ரேஷன் கடை ஏறிவிட்டன. தொட்டுக்கொள்ள என்ன என்ற கேள்வியை மட்டும் எந்தக் கட்சியும் தேர்தல் அறிக்கையில் சேர்த்ததில்லை. அது அடுப்படியின் உள்விவகாரமாகவே விடப்பட்டது.

அரசு ஒரே ஒரு முறை இதில் தலையிட்டது. தலையிட்டதன் விளைவு வீட்டுக்குள் கலவரம். 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989இல் கருணாநிதி அரசு பதினைந்து நாளைக்கு ஒரு முட்டை சேர்த்தது. (2010இல் அது வாரம் ஐந்தாக வளர்ந்தது வேறு கதை.) பள்ளிக்கூடத்தில் முட்டை முழுசாகக் கிடைத்தது. அதுவரை அரை முட்டைதான் முட்டையின் இயல்பான வடிவம், ஒரு பக்கம் தட்டையாக இருப்பதே அதன் பிறவிக் குணம் என்று நம்பிக்கொண்டிருந்த கடைக்குட்டி, ஒரு வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டான்: "நம்ம வீட்டு முட்டைக்கு இன்னொரு பக்கம் எங்கம்மா?"

அளவையியலாளர்கள் இதில் நமக்கு உதவவில்லை. அரிசிக்குப் படி உண்டு. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆழாக்கு என்பது 168 மில்லி. ஒன்பது பேருக்கு ஒரு வேளைக்கு ஒரு படி என்று கண்ணை மூடிக்கொண்டு உலை வைக்கலாம். முட்டைக்குக் கீழலகு கிடையாது. பின்னங்களை எடுத்துக்கொள்வோம். கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கி, ஒன்றை 320 கூறாக்கி ஒரு கூறுக்கு முந்திரி என்று பெயர் வைத்த கூட்டம் நாம். அத்தனை நுணுகியும் என்ன பயன்? நான்கு முட்டையை ஒன்பது பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஒன்பதில் நான்கு. 320ஐ ஒன்பதால் வகுத்தால் மீதி வரும். ஆகவே முந்திரி வரை இறங்கிப் போனாலும் அந்தப் பங்கைச் சரியாகச் சொல்லவே முடியாது. மாறாக ஒன்பது பேரில் ஒருவர் மட்டும் விலகிக்கொண்டால் நான்கை எட்டால் வகுக்கலாம், தலைக்கு அரை, கணக்கு கண்ணாடி போல் ஆகிவிடும். விலகியவர் யார் என்பதைப் பின்னர் காண்போம். வாசகர் ஏற்கெனவே கண்டுபிடித்திருப்பார்.

கருவி

முட்டையைக் கத்தியால் வெட்டக் கூடாது. அரிவாள்மனையில் வெட்டவே கூடாது. அகலமான இரும்பில் மஞ்சள் கரு அப்பிக்கொண்டு வரும். அப்பியது யாருக்குச் சேர வேண்டும் என்பதில் தனி வழக்கு எழும். ஆகவே நூல். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை வலக்கையில் சுற்றி, இடக்கையில் இருக்கும் முட்டையின் மேல் ஒரு சுற்று விட்டு இழுத்தால், சத்தமில்லாமல் இரண்டாகும். தொடும் பரப்பு குறைவு என்பதால் உராய்வும் குறைவு, சேதாரமும் குறைவு.

நூலுக்குக் காசு கொடுப்பதில்லை. மளிகைக் கடையில் சீரகத்தையும் கடுகையும் காகிதத்தில் மடித்து நூல் சுற்றித் தருவார்கள். அந்த நூலைப் பிரித்து, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் சுற்றி, சாமி படத்துக்குப் பின்னால் அம்மா செருகி வைத்திருப்பார். பூக் கட்டவும் அதுதான், கொழுக்கட்டைத் துணி கட்டவும் அதுதான், முட்டைக்கும் அதுதான். பிளாஸ்டிக் பாக்கெட் வந்தபின் இந்த நூல் வளம் வற்றிப்போனது. அதைப் பற்றிப் பொருளியலாளர் எவரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

இனி, எந்தத் திசையில் அறுப்பது? இங்கே இரு பள்ளிகள் உண்டு. அப்பத்தா குறுக்கறுப்புப் பள்ளியைச் சேர்ந்தவர். குறுக்கே அறுத்தால் பாதி நிமிர்ந்து நிற்கும், பார்க்க லட்சணம் என்பது அவர் வாதம். இது ஏற்கத்தக்கதன்று. முட்டையின் மழுங்கிய முனையில் காற்றறை இருக்கிறது. அந்தப் பக்கம் வாங்கியவருக்கு ஒரு பள்ளமும் பெருமூச்சும்தான் மிஞ்சும். அம்மா நெடுக்கறுப்பினர். நெடுக்கே அறுத்தால் கூர்முனையும் மழுங்கு முனையும் இருவருக்கும் பாதிப் பாதி வரும்.

ஆனால் நெடுக்கறுப்பிலும் மஞ்சள் கரு நடுவில் இருந்தால்தான் நியாயம். மஞ்சள் கரு வெள்ளைக் கருவைவிட அடர்த்தி சற்றே குறைந்தது. பழைய முட்டையில் வெள்ளை நீர்த்துப் போவதால் மஞ்சள் மேலே ஒதுங்கி அங்கேயே வெந்து நின்றுவிடும். அறுத்துப் பார்த்தால் ஒரு பாதியில் முழு நிலவு, மறு பாதியில் பிறை. இதைத் தடுக்க, தண்ணீர் கொதித்து வரும்வரை முட்டைகளைக் கரண்டியால் மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலை அக்காவுக்கு. சுழற்றும்போது வேறு எவரும் அடுப்படிக்குள் வரக் கூடாது என்றொரு விதி இருந்தது. அதற்கு அறிவியல் காரணம் எதுவும் இவ்வாய்வாளருக்குக் கிட்டவில்லை.

மேனாட்டார் ஆய்வு

இருவருக்கு ஒரு பண்டத்தைப் பிரிக்க ஒருவர் வெட்ட, மற்றவர் முதலில் எடுக்கட்டும் என்பது உலகம் முழுதும் தெரிந்த உபாயம். மூவருக்கு மேல் போனால் என்ன செய்வது என்று போலந்துக் கணிதர் ஹூகோ ஸ்டைன்ஹாஸ் 1940களில் கேட்டார். அவருடைய சகாக்கள் பனாக்கும் க்னாஸ்டெரும் ஒரு வழி சொன்னார்கள்: ஒருவர் ஒரு துண்டு வெட்டுவார், அது கைக்குக் கை போகும், பெரிது என்று கருதுபவர் கொஞ்சம் நறுக்கிக் குறைக்கலாம், கடைசியாகக் குறைத்தவர் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். கேக்குக்கு இது பொருந்தலாம். சித்தப்பாவின் கை வரை போன முட்டை திரும்பி வரும் என்று நம்பும் கணிதம் எங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

இதிலும் ஒரு குறை இருந்தது. தனக்கு நியாயமான பங்கு கிடைத்துவிட்டது என்று ஒப்புக்கொண்டவனும், அடுத்தவனுக்கு அதைவிடப் பெரிதாகப் போய்விட்டதே என்று வயிறெரியலாம். எவரும் எவரையும் பார்த்து வயிறெரியாத பங்கீட்டை மூன்று பேருக்குச் செல்ஃப்ரிட்ஜும் கான்வேயும் 1960 வாக்கில் தீர்த்தனர். எத்தனை பேராயினும் இத்தனை படிகளுக்குள் முடியும் என்று உறுதி தரும் முறையை ஹாரிஸ் அஜீஸும் சைமன் மெக்கென்சியும் 2016இல்தான் தந்தார்கள். அந்த உச்சவரம்பு, ஒன்பது பேருக்கு, ஒன்பதின் மேல் ஒன்பதாக அடுக்கிய ஆறடுக்குக் கோபுரம். அதில் மூன்றாம் அடுக்கு வரை போனாலே ஏறத்தாழ 37 கோடி இலக்கங்கள் கொண்ட எண் வரும். அதற்குள் சோறு ஆறிவிடும்.

அம்மா இதை ஒரு நிமிடத்தில் முடித்தார். கணிதர் எல்லோரும் வெட்டுகிறவரும் பங்குதாரர் என்றே வைத்துக்கொண்டார்கள். அம்மா தன்னைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். "எனக்கு இன்னைக்குச் சஷ்டி." அடுத்த ஞாயிறு கிருத்திகை. அதற்கடுத்த ஞாயிறு சங்கடஹர சதுர்த்தி. பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விரதங்கள் முட்டை வாங்கும் நாட்களில் இயல்புக்கு மீறி அடர்ந்திருப்பது தெரியவரும். திதிக்கும் முட்டைக்கும் உள்ள இத்தொடர்பை வானியலார் ஆராய வேண்டும்.

உருவழிவுக் கோட்பாடு

மேற்சொன்னது மாத முதல் பாதிக்கு. மாதக் கடைசியில் முட்டை இரண்டாகக் குறையும். சில வாரம் ஒன்று. அப்போது நூலுக்கு வேலையில்லை. இங்கேதான் இவ்வாய்வின் சொந்தப் பங்களிப்பு வருகிறது: ஒரு முட்டைக்குத் தலை கூடக் கூட, முட்டை தன் உருவை இழக்கும். ஒருவருக்கு ஒன்று என்றால் முழு முட்டை. இருவர் என்றால் பாதி. நால்வர் என்றால் ஆம்லெட். அதில் ஒரு கை வெங்காயமும் ஒரு கரண்டி கடலை மாவும் சேரும், தோசைக்கல்லின் ஓரம் வரை இழுத்துவிடப்படும், பிறகு நான்காகக் கிழியும். அதற்கும் மேலென்றால் பொரியல். முட்டைக்கோசோ முருங்கைக்கீரையோ துணைக்கு வரும். பொரியல் தொடங்கும் வாரம் அது கீரை போட்ட முட்டை. அடுத்த வாரம் முட்டை போட்ட கீரை. மாதக் கடைசியில், முட்டை உடைத்த சட்டியில் வதக்கிய கீரை.

உருவழிவின் பயன் சிக்கனம் மட்டுமன்று. பாதி முட்டையை அடுத்த தட்டுப் பாதியோடு ஒப்பிடலாம். பொரியலில் எவன் எவனோடு எதை ஒப்பிடுவான்? எண்ணத் தகுந்தது ஊகிக்கத் தகுந்ததாகிவிடுகிறது. வழக்கு தள்ளுபடி ஆகிறது. கோழிக்கு இந்தப் பாக்கியம் இல்லை. இரண்டே கால்களோடு அது குடும்பத்துக்குள் வருகிறது. ஒரு கால் அப்பாவுக்கு, மறு கால் அழுகிற பிள்ளைக்கு. தீபாவளியைத் தவிர வேறு நாளில் எங்கள் வீட்டில் அந்தச் சிக்கல் எழாததால் அது இங்கே விரிக்கப்படவில்லை.

மறைபங்கு

சகோதரர் மூவரிடமும் தனித்தனியே நேர்காணல் நடத்தப்பட்டது. அண்ணன் சொன்னது: ப்ளஸ் டூ படித்த வருடம், சோற்றைக் குழித்தபோது அடியில் ஒரு அரை முட்டை இருந்தது. மேலே ஒன்று, அடியில் ஒன்று. அம்மா குனிந்து, "கிளறாம சாப்பிடு" என்று மட்டும் சொன்னார். பெரிய தம்பி சொன்னது: காய்ச்சலில் கிடந்து எழுந்த வாரங்களில் தனக்கும் அப்படியே, வேறு யாருக்கும் கிடையாது. கடைக்குட்டி, எப்போதுமே தனக்குத்தான் என்றான். இவ்வாய்வாளருக்கும் பலமுறை கிடைத்திருக்கிறது. அதற்குத் தகுதியைத் தவிர வேறு காரணம் புலப்படவில்லை.

நான்கு பேரும் தாம் மட்டுமே செல்லப்பிள்ளை என்று இன்றும் நம்புகிறோம். பெரிய தம்பி மற்ற மூவர் மீதும் கொஞ்சம் இரக்கம் கொண்டிருப்பதையும் நேர்காணலில் காண முடிந்தது. வயிறெரியாப் பங்கீட்டுக்கு எல்லோரும் எல்லாப் பங்கையும் பார்த்து மதிப்பிட வேண்டும் என்று மேனாட்டார் கருதினர். அம்மாவின் முறை நேர்மாறானது: பார்க்கக் கூடியது சமமாக இருக்க வேண்டும், பார்க்க முடியாதது தன்னிடம் மட்டும் இருப்பதாக ஒவ்வொருவனும் நினைக்க வேண்டும். ஆறடுக்குக் கோபுரம் செய்யாததை ஒரு கரண்டிச் சோறு செய்தது.

ஒரே ஒரு சிறு இடர். நான்கு முட்டை, எட்டுப் பாதி, எட்டுப் பேர். சோற்றுக்கடியில் போன ஒன்பதாவது பாதி எங்கிருந்து வந்தது? பொருண்மை அழியா விதியோடு இது பொருந்தவில்லை. மறைபங்கு அளவில் சிறியதாகவும், அதன் மஞ்சள் மற்றதைவிடச் சிவந்தும் இருந்ததாக அண்ணனும் கடைக்குட்டியும் ஒருசேரச் சொன்னார்கள். இது ஞாபகத்தில் ஏறிய நிறமாகலாம் என்று ஒதுக்கப்பட்டது.

பின்னிணைப்பு

ஆய்வு முடிந்து படி எடுக்கும் தறுவாயில், அக்காவிடம் ஒரு மரியாதைக்காக வாசித்துக் காட்டப்பட்டது. அக்கா இடையிலேயே சிரித்துவிட்டார்.

"அடேய், அப்பா வாங்குறது நாலு. அம்மா சிறுவாட்டுக் காசுல எதிர்த்த வீட்டுல நாட்டுக்கோழி முட்டை ஒண்ணு வாங்கும். கடுகு டப்பாக்குள்ள இருக்கும் காசு. நாலோட சேத்து அஞ்சா அவிப்போம். அதுல பாதிய உங்கள்ல எவனாச்சும் ஒருத்தன் சோத்துக்கு அடியில வைக்கும். மிச்சப் பாதிய நானும் அம்மாவும் அடுப்படியிலயே தின்னுருவோம்."

சஷ்டி விரதம் பற்றிக் கேட்கப்பட்டது.

"சஷ்டின்னா அந்தப் பாதி முழுசும் எனக்கு."

இத்தரவு நேர்காணல் காலம் முடிந்தபின் பெறப்பட்டது. தந்தவர் நேரடிப் பயனாளியும் ஆவார். எனவே ஆய்வில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. அண்ணனுக்கும் தம்பிகளுக்கும் தெரிவிக்கப்படவும் இல்லை.