சான் பிரான்சிஸ்கோ வெயிலில் மடிப்பாக்கம்

2004 வாக்கில் சென்னையில் ஓர் அடுக்குமாடி விளம்பரத்துக்குப் படம் செய்ய மூன்று விஷயங்கள் போதும். ஆர்க்கிடெக்ட் தந்த ஆட்டோகேட் ஃபைல், த்ரீடிஎஸ் மேக்ஸ் என்ற முப்பரிமாண மென்பொருள், ராத்திரி முழுக்க யாரும் தொடக் கூடாத ஒரு கம்ப்யூட்டர். படம் வந்தால் ஃப்ளாட் விற்கும்; ஃப்ளாட் விற்றால் அஸ்திவாரம் தோண்டுவார்கள். இந்த வரிசையில் படம் செய்கிற நாங்கள் முதலில் நிற்பதில் எங்களுக்கு ஏகப்பட்ட பெருமை.

மேக்ஸில் சூரியனை வரவழைக்க ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் வரும். ஆனால் அது சான் பிரான்சிஸ்கோ சூரியன். மேக்ஸைச் செய்தது கலிஃபோர்னியா கம்பெனி. ஊரை நாமாக மாற்றாவிட்டால் அந்த ஊர்தான். அங்கே அட்சரேகை ஏறக்குறைய 38 டிகிரி, உச்சி வெயில் வருடம் பூராவும் தெற்கிலிருந்துதான் அடிக்கும். சென்னை 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இங்கே நடுப்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். வடக்குப் பார்த்த பால்கனியில் மே மாதம் வடாம் காயவைக்கிற எந்த மாமிக்கும் இது தெரியும். எங்களுக்கும் தெரியும். ஆனால் ஊரைச் சென்னை என்று மாற்றினால், தலைக்கு மேல் நிற்கும் சூரியன் ஒவ்வொரு பால்கனி நிழலையும் முகப்பு முழுக்க வழியவிட்டுவிடும். சான் பிரான்சிஸ்கோ வெயிலில் சென்னையின் மடிப்பாக்கம் அழகாக இருந்தது. அப்படியே விட்டோம்.

இன்று அந்தப் பட்டனை அதிகம் பேர் தொடுவதில்லை. சூரியனுக்குப் பதிலாகப் போட, வானத்தை முழு வட்டமாகப் படம்பிடித்த ஹெச்டிஆர் கோப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நான் எடுத்துப் போடுகிறவற்றில் பாதிக்கு மேல் ஐரோப்பாவிலோ தென்னாப்பிரிக்காவிலோ ஒரு புல்வெளியில் நின்று எடுத்தவை. மடிப்பாக்கத்தின் பாஸ்போர்ட்டில் இன்னொரு முத்திரை, அவ்வளவுதான்.

வெளியே வெயில் இப்படி என்றால், வீட்டுக்குள்ளே வெளிச்சம் இன்னும் வேடிக்கை. மேக்ஸின் பழைய ரெண்டரில், அதாவது மாடலைப் படமாக்கும் கணக்கில், ஒளி தெறிக்காது. ஜன்னல் வழியே வந்த வெயில் தரையில் விழுந்து அங்கேயே செத்துப்போகும், கூரை கும்மிருட்டு. அதனால் மூலைக்கு ஒரு விளக்கைத் தொங்கவிடுவோம். நிழல் விழாத விளக்கு, சோபாவை மட்டும் தொடுகிற விளக்கு, அதிகப்படி வெளிச்சத்தை உறிஞ்சிக்கொள்ள மைனஸ் எண் கொடுத்த விளக்கு. இயற்பியல் வாத்தியார் யாராவது எட்டிப் பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

ஒளி எப்படித் தெறிக்கும் என்பதற்கான சமன்பாட்டை ஜேம்ஸ் கஜியா 1986-இலேயே எழுதிவிட்டார். அது அசோக் நகர் இரண்டாவது மாடியில் இருந்த எங்கள் ஆபீசுக்கு வந்து சேரக் கொஞ்சம் தாமதமாயிற்று. பல்கேரியத் தலைநகர் சோஃபியாவிலிருந்து 2002-இல் வெளிவந்த வி-ரே என்ற ரெண்டர் மென்பொருள் அதைக் கொண்டுவந்தது. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஜன்னலை மட்டும் திறந்துவைத்தோம். கூரை தானாக வெளுத்தது. அன்றைக்குச் சத்தியம் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தோம்.

சத்தியத்துக்கு நேரம் பிடித்தது. எல்லா இடத்துக்கும் கணக்குப் போட்டால் விடிந்துவிடும் என்பதால், வி-ரேயின் இர்ரேடியன்ஸ் மேப் அங்கங்கே சில புள்ளிகளுக்கு மட்டும் கணக்குப் போட்டு, நடுவில் உள்ளதை ஊகித்துக்கொள்ளும். செட்டிங்கை ‘லோ’வில் விட்டால் அந்த ஊகம் சுவரில் திட்டுத் திட்டாகத் தெரியும். ஃப்ளாட் கட்டுகிற பில்டர் அப்படி ஒரு படத்தை, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“தம்பி, இப்பவே ஓதம் அடிச்சாச்சா? குடி வந்தப்புறம் வரட்டுமே.”

‘ஹை’யில் வைத்தால் ஓதம் போகும், ராத்திரியும் போகும். 2012-இல் சென்னைக்கே தினம் 2 மணி நேரம் மின்வெட்டு; மற்ற மாவட்டங்களில் கேட்கவே வேண்டாம். ரெண்டர் முடியும் தறுவாயில் யூபிஎஸ் கூவுகிற சத்தம் அந்தத் தலைமுறைக்கு மட்டுமே புரியும்.

அன்றைய ராத்திரி வேலை இன்று கிராஃபிக்ஸ் கார்டில் டீ ஆறுவதற்குள் முடிகிறது. குறைந்த சாம்பிளில், அதாவது கொஞ்சம் ஒளிக்கதிர்களை மட்டும் கணக்கிட்டு, ஓட்டினால் படம் புள்ளி புள்ளியாக வரும். புள்ளியைப் பாதியாக்க நாலு மடங்கு சாம்பிள் வேண்டும் என்பது மாறாத கணக்கு. அதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்காக டீநாய்ஸர் இருக்கிறது. அது புள்ளியை வழித்துவிடும், கூடவே கையால் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சின் மெல்லிய தடங்களையும் அழுக்கு என்று நினைத்து வழித்துவிடும். மிச்சமான நேரம் என்ன ஆயிற்று? முன்பு பில்டர் ஒரு மாற்றம் சொன்னால் அடுத்த நாள்தான் பார்க்க முடியும்; அதனால் யோசித்துச் சொல்வார். இப்போது அவர் மகன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். “ப்ரோ, சோபா நீலம். வேணாம், பழையபடி. இன்னொரு வாட்டி நீலம்.”

மெட்டீரியல் விஷயத்துக்கு வருவோம். பில்டர் அப்பாவுக்குச் சுவர் பால் வெள்ளையாக வேண்டும். 255 என்று முழு வெள்ளை கொடுத்தால் வந்த ஒளியை அப்படியே திருப்பி அனுப்பும் சுவர் கிடைக்கும். உலகத்தில் அப்படிச் சுவர் இல்லை. நல்ல வெள்ளைப் பெயின்ட்கூட 100-க்கு 80, 85 திருப்பினால் அதிகம். அதனால் சாம்பலைக் கொடுத்து வெள்ளையை வாங்குவோம். திரையில் சாம்பல் கட்டத்தைப் பார்த்துவிட்ட பில்டர், பெயின்ட் கான்ட்ராக்டரைத் திட்டுகிற குரலில் என்னைத் திட்டினார்.

தரைக்கு அவர் சொன்னது ஒரே சொல்: “பளபளன்னு.” கொடுத்தோம், கண்ணாடி மாதிரி. நிஜத்தில் டைல்ஸை நேர்மேலிருந்து பார்த்தால் 4 சதவீதம்போலத்தான் பிரதிபலிக்கும். பார்வை சாயச் சாயப் பிரதிபலிப்பு ஏறும். ஃபிரெனெல் என்ற பிரெஞ்சுக்காரர் 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டு சொன்னது. அதற்கு ஒரு டிக் பெட்டி உண்டு. டிக் அடித்தால் தரை நிஜமாகும், பில்டர் முகம் வாடும். டிக்கை எடுத்தால் சோபா தலைகீழாகத் தெரியும், அட்வான்ஸ் வரும்.

மகனுக்கு நேர் எதிர். “ரொம்ப கிளீனா இருக்கு ப்ரோ, சிஜி மாதிரி தெரியுது.” முன்பு தெருவில் சுவர்களை கேமராவில் பிடித்துவந்து, போஸ்டர் பசையையும் வெற்றிலை எச்சிலையும் ஃபோட்டோஷாப்பில் மணிக்கணக்காகத் துடைத்து டெக்ஸ்சர் ஆக்கினோம். இன்று கறை, கீறல், கைரேகை எல்லாம் தனித்தனிக் கோப்பாக விலைக்கு வருகின்றன. வி-ரேயில் ‘டர்ட்’ என்றே ஒரு மேப் இருக்கிறது. அப்பா ஓசியில் கிடைத்த ஓதத்தை வேண்டாம் என்றார். மகன் அதையே காசு கொடுத்து வாங்குகிறார்.

உச்சகட்டம் மார்பிள். முன்பு ஒரே படத்தைத் தரை முழுக்க ஒட்டுவோம். எல்லாக் கல்லிலும் ஒரே நரம்பு ஓடும். இன்று ஒவ்வொரு கல்லையும் தானாகத் திருப்பி, நகர்த்தி, நிறத்தை நூலளவு மாற்ற வழி இருக்கிறது. ஆனால் குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் டைல்ஸ் என்ன? மார்பிளை ஸ்கேன் செய்து இங்க்ஜெட்டில் அச்சடித்தது. டிசைனுக்குச் சில முகங்கள்தான். கொத்தனார் கவனிக்காவிட்டால் ஒரே நரம்பு பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆக, எங்கள் ரெண்டரில் இருப்பது மார்பிள். வீட்டில் பதிப்பது ரெண்டர்.

இதற்கு நடுவில் சட்டமும் வந்தது. முன்பெல்லாம் படத்தின் ஓரத்தில் ‘ஆர்ட்டிஸ்ட்டின் கற்பனை’ என்று எறும்பு எழுத்தில் போட்டால் போதும். 2016-இன் ரியல் எஸ்டேட் சட்டம், 12-ஆம் பிரிவில், விளம்பரத்தில் பொய்த் தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு ஈடு கொடுக்கச் சொல்கிறது. அன்றிலிருந்து நான் செய்கிற படங்களில் மாடி எண்ணிக்கையும் பால்கனி அளவும் அப்ரூவல் பிளானோடு மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்துகின்றன. எதிரே நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் இன்னும் படத்துக்குள் வரவில்லை. அந்த இடத்தில் ஒரு மேப்பிள் மரம். வேர் இறங்க மடிப்பாக்கம் மண் ஒத்துக்கொள்ளுமா என்று யாரும் கேட்டதில்லை.

போன மாதம் சைட் இன்ஜினீயர் போன் செய்தார். மாடல் ஃப்ளாட் தயார். மகன் படத்தை டேப்லெட்டில் வைத்துக்கொண்டு அறை அறையாக ஒப்பிடுகிறாராம்.

“சார், ஹால்ல சோபாவுக்குப் பின்னாடி ஒரு வெளிச்சம் வருதே. ஃபால்ஸ் சீலிங்கைப் பிரிச்சுப் பார்த்துட்டோம், டிராயிங்ல பாயின்ட்டே இல்லை. எங்கேர்ந்து சார் வருது?”

அந்த மூலை இருட்டாக இருக்கிறது என்று மகன் சொன்னதால் நான் போட்ட விளக்கு அது. வி-ரேயில் ‘இன்விசிபிள்’ என்று ஒரு டிக் உண்டு; வெளிச்சம் வரும், விளக்கு தெரியாது. 2004-இன் மூலை விளக்குதான், பெயர் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

“அது இன்விசிபிள் லைட்ங்க.”

மறுமுனையில் பேனா மூடியைக் கழற்றும் சத்தம்.

“சரி சார். எத்தனை வாட்ஸ்? வார்மா, கூலா? ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்குமா?”