மெதுவடையின் பொதுமையமும் முறுக்கின் போலி வட்டமும்

பலகாரத் தட்டில் சுற்றுச் சுற்றாகத் தெரிவதெல்லாம் பொதுமைய வட்டமே என்றொரு கொள்கை நெடுநாளாக நம்மவர் வாயில் உலவுகிறது. வாயில் உள்ளதை முதலில் விழுங்கிவிட்டு, பிறகு அக்கொள்கையைத் தகர்ப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

இலக்கணம் எளிது: அளவு வேறு, மையம் ஒன்று. வட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. மதுரையில் சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதிகள் கோயிலை நடுவில் வைத்து ஏறத்தாழச் சதுரங்களாகவே ஒன்றையொன்று சூழ்கின்றன.

ஆய்வு முறை, எறும்புச் சோதனை. பண்டத்தின் கோட்டின் மேல் ஓர் எறும்பை விடுக. புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் வட்டம். நடுவில் போய் முட்டினால் சுருள்.

முறுக்கு: கல்யாணச் சீரில் ஏழு சுற்று, ஒன்பது சுற்று என்று எண்ணி அடுக்கப்படும் பெருமை உடையது. எனினும் எறும்பு நடுவில் போய் நிற்கிறது. சுற்றுகளுக்கிடையே தூரம் மாறாத இவ்வகைச் சுருளைப் பற்றி கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே ஆர்க்கிமிடீஸ் தனி நூல் எழுதினார். அவர் முறுக்கு தின்றதாகச் சான்றில்லை. கிராமபோன் இசைத்தட்டும் இவ்வினமே. ஒரு பக்கப் பாட்டு முழுவதும் ஒரே பள்ளத்தில் ஓடுகிறது.

வெங்காயம்: குறுக்கே அரிந்தால் வளையங்கள் தனித்தனியே கழன்று வருகின்றன. தேர்ச்சி. சிலவற்றின் உள்ளே இரண்டு குருத்து இருப்பதால், நிபந்தனையுடன் கூடிய தேர்ச்சி.

மெதுவடை: வெளி விளிம்பு ஒரு வட்டம், ஓட்டை ஒரு வட்டம், இரண்டுக்கும் மையம் ஒன்று. ஐயமற்ற பொதுமையம். ஓட்டை ஒருபக்கம் ஒதுங்கினால் மெலிந்த பக்கம் கருகும். தடித்த பக்கம் உள்ளே மாவாகவே நிற்கும்.

'ஓட்டை ஒதுங்கியதால் வடை குறைந்துவிட்டது' என்பார் சிலர். ஏற்பதற்கில்லை. பெரிய வட்டத்தின் பரப்பிலிருந்து ஓட்டையின் பரப்பைக் கழித்தால் மீதி வடை; ஓட்டை விளிம்புக்குள் எங்கிருந்தாலும் இக்கணக்கு மாறாது. ஆகவே அளவைச் சொல்லி வழக்காட முடியாது, வேக்காட்டைச் சொல்லி வழக்காடலாம்.

முடிவு: முறுக்கின் பட்டம் பறிக்கப்படுகிறது, சுவைக்குப் பங்கமில்லை. பொதுமையப் பட்டம் மெதுவடைக்கே உரியது. அதைக் காப்பாற்றும் பொறுப்பு வடை தட்டுபவரின் விரலில் இருக்கிறது. ஆகவே அடுப்படிப் பெருமக்களே, எண்ணெயில் இடுமுன் ஓட்டையை நடுவில் போடுங்கள்.