டிசம்பரில் கோபன்ஹேகன், அதுவும் சைக்கிளில்: கிளம்புகிறவர்களுக்குச் சில யோசனைகள்

கிறிஸ்துமஸ் சமயத்தில் கோபன்ஹேகன் போய் மூன்று நாள் சைக்கிள் ஓட்டுவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். இனி யார் சொன்னாலும் கேட்கப் போவதில்லை. அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள்: நியூஹவ்ன் வாய்க்கால், கரையோரம் மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக வரிசை வீடுகள், லேசாகப் பனித்தூவல், சுவரில் சாய்த்து வைத்த ஒரு சைக்கிள், அதன் முன்கூடையில் நீளமான ரொட்டி. அந்தச் சைக்கிளின் மேல் ஆள் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அவர் உள்ளே ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

பனித்தூவலையும் முதலிலேயே மறந்துவிடுவது நல்லது. நாடு முழுக்க வெள்ளைக் கிறிஸ்துமஸ் என்று டென்மார்க் வானிலைத் துறை சொல்ல வேண்டுமானால், நிலப்பரப்பில் 90 சதவீதத்திலாவது அரை சென்டிமீட்டர் பனி கிடக்க வேண்டும். 2009-லும் 2010-லும் அடுத்தடுத்து அப்படிக் கிடந்தது. அதை நம்பி டிக்கெட் போடக் கூடாது. உங்களுக்குக் கிடைக்கப் போவது மழை. மூன்று நான்கு டிகிரி குளிரில், மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வருகிற மழை. டிசம்பர் என்பதால்தான் என்று நினைக்காதீர்கள். 2022-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயம் இந்த ஊரில்தான் தொடங்கியது. ஜூலை 1, நடுக்கோடை, உலகத்தின் தலைசிறந்த சைக்கிள்காரர்கள் 13.2 கிலோமீட்டரைத் தொப்பலாக நனைந்துகொண்டுதான் ஓட்டினார்கள்.

அடுத்தது நேரம். டிசம்பர் 21 வாக்கில் அங்கே சூரியன் காலை 8.40-க்குச் சற்று முன்னால் எழுந்து, மாலை 3.40-க்குள் படுத்துவிடும். ஆக, மூன்று நாள் பயணம் என்று நீங்கள் நினைப்பது உண்மையில் இருபத்தொரு மணி நேர வெளிச்சம். அந்த வெளிச்சமும் பெயருக்குத்தான். நண்பகலிலேயே சூரியன் அடிவானத்திலிருந்து 11 டிகிரிதான் ஏறியிருக்கும். உச்சி வெயில் என்றால் என்னவென்று அந்த ஊர்க்காரர்களுக்கு டிசம்பரில் விளக்க முடியாது. மேகம் விலகினால் சந்தோஷப்படாதீர்கள், தெற்கே பார்த்து ஓட்டும்போது அது நேராகக் கண்ணுக்குள் வரும்.

இதைக் கேட்டதும் புத்திசாலிகள் ஒரு திட்டம் போடுவார்கள்: காலை எட்டு மணிக்கே கிளம்பிவிடலாம், கூட்டம் இருக்காது. இந்த முழுக் கட்டுரையிலும் ஒரே ஒரு வரியை மட்டும் நீங்கள் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்: எட்டு மணிக்குக் கிளம்பாதீர்கள். கோபன்ஹேகனில் சைக்கிள் என்பது சுற்றுலா இல்லை, பொழுதுபோக்கு இல்லை, சுற்றுச்சூழல் விழிப்புணர்வும் இல்லை. ஆபீஸ் போகும் வண்டி. 2016-இல் நகர மையத்தில் எடுத்த கணக்கில் சைக்கிள்களின் எண்ணிக்கை கார்களைத் தாண்டிவிட்டது. காலை எட்டு மணிக்கு நோர்ரெப்ரோ பக்கமிருந்து லூயிஸே ராணி பாலத்தின் மேல் வருகிற ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர்கூட உல்லாசமாக இல்லை. எல்லோருக்கும் ஒன்பது மணிக்கு மீட்டிங். அவர்களுக்கு நடுவே ரொட்டிக் கூடையும் ரசனையுமாக நீங்கள் போய் நின்றால் என்ன ஆகும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உடைக்கு வருவோம். ஊரிலிருந்து கிளம்பும்போது வீட்டில் சித்தியோ பெரியம்மாவோ ஒரு குரங்குக் குல்லாவைத் திணிப்பார்கள். மறுக்காதீர்கள். காதுக்கு அதைவிட நல்லது ஐரோப்பாவில் விற்பதில்லை. மற்றபடி பெட்டியில் உள்ளதையெல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஏறினால், பத்து நிமிடத்தில் உள்ளே வியர்த்து, சிக்னலில் நிற்கும்போது அந்த வியர்வையே குளிர்ந்து முதுகில் உறையும். நின்றால் லேசாக நடுங்குகிற அளவுக்குப் போட்டுக்கொண்டால் மிதிக்கும்போது சரியாக இருக்கும். கையுறையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஆண்டர்சன் வாழ்ந்த ஊர் இது. நியூஹவ்னிலேயே மூன்று வெவ்வேறு வீடுகளில் குடியிருந்திருக்கிறார். தேவதைக் கதை எழுதிய மனிதர், 1845-இல் தீப்பெட்டி விற்கும் சிறுமி வருடக் கடைசி இரவில் தெருவில் விறைத்துச் சாவதாகவும் ஒரு கதை எழுதினார். உள்ளூர்க்காரரே எச்சரித்த பிறகும் கேட்காவிட்டால் எப்படி?

மலையேற்றம் இருக்குமோ என்ற கவலை வேண்டாம். டென்மார்க் முழுவதற்குமே இயற்கையான மிக உயர்ந்த இடம் 171 மீட்டர்கூட இல்லை. அதுவும் கோபன்ஹேகனில் இல்லை. மேட்டுக்குப் பதிலாக அங்கே காற்று வைத்திருக்கிறார்கள். மேடு என்றால் ஏறியதற்குக் கூலியாக இறக்கம் வரும். காற்றுக்கு அந்த நியாயம் தெரியாது, போகும்போதும் எதிர்க்காற்று, திரும்பும்போதும் எதிர்க்காற்று.

இனி வண்டி. வாடகைக் கடைகள் உண்டு, போனில் ஆப் வைத்துத் திறக்கிற வண்டிகளும் தெருவுக்குத் தெரு நிற்கும். பின்சக்கரத்தோடு சேர்ந்த பூட்டு, லைட், மணி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்பிக்கையோடு ஏறுவீர்கள். அங்கேதான் சங்கதி. அந்த ஊர் சைக்கிள்கள் பலவற்றில் பின் பிரேக் கையில் இருக்காது, காலில் இருக்கும். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் வண்டி நிற்கும். நம் ஊர் சைக்கிள் பழகிய காலுக்கு ஒரு வழக்கம் உண்டு: சும்மா உருளும்போது பெடலைப் பின்னால் கிறுகிறுவென்று சுற்றி விளையாடுவது. அதை அங்கே செய்தால் ஈரச் சாலையில் பின்சக்கரம் இறுகி, வண்டி பாதி வட்டம் போட்டு, வந்த வழியைப் பார்த்து நிற்கும்.

அதைவிடச் சின்னதாக ஒரு தொல்லை இருக்கிறது, அதை எந்தக் கையேடும் சொல்வதில்லை. சிக்னலில் நிற்கிறீர்கள். இடது காலைத் தரையில் ஊன்றியிருக்கிறீர்கள். வலது பெடல் அடியில் போய் நின்றுவிட்டது. நம் ஊரில் என்றால் புறங்காலால் அதைப் பின்னால் சுழற்றி மேலே கொண்டுவந்து, பச்சை விழுந்ததும் ஏறி மிதிப்போம். இங்கே அது பின்னால் சுழலாது, சுழற்றினால் பிரேக். ஆகவே பச்சை விழுந்ததும் பின்சக்கரத்தை ஒரு கையால் தூக்கி, காலால் பெடலை முன்னால் தள்ளி, சக்கரத்தைக் கீழே வைத்து, ஏறி உட்கார வேண்டும். இதற்குள் பின்னால் இருக்கும் முப்பது பேரும் உங்களைத் தாண்டிப் போயிருப்பார்கள், சிக்னல் மறுபடி சிவப்பாகியிருக்கும். நிற்பதற்குச் சற்று முன்பே ஒரு பெடல் மேலே வரும்படி கணக்குப் பண்ணி நிறுத்துவதுதான் தீர்வு. உள்ளூரில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் அது வருகிறது.

பாதைக்குள் நுழையும் முன் ஒழுக்க விதிகள். வலது ஓரமாகப் போக வேண்டும், இடது பக்கமாக முந்துவார்கள். பின்னால் 'கிளிங்' என்று ஒரே ஒரு மணி கேட்டால் அது வணக்கம் அல்ல. நம் ஊர் ஹாரனில் உள்ள வசவு, எரிச்சல், வம்சாவளி விசாரணை அத்தனையும் அந்த ஒரு கிளிங்கில் அடக்கம். திரும்பிப் பார்த்தால், முன்னால் பெரிய பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிளில் இரண்டு பிள்ளைகளையும் ஒரு கிறிஸ்துமஸ் மரத்தையும் ஏற்றிக்கொண்டு ஒரு அம்மா உங்களை முந்திக்கொண்டிருப்பார். அவருக்கு மூச்சுகூட வாங்காது.

நிற்கப் போகிறீர்கள் என்றால் கையை உயர்த்திக் காட்ட வேண்டும், வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொல்வதைப் போல. திரும்பப் போகிறீர்கள் என்றால் அந்தப் பக்கமாகக் கையை நீட்ட வேண்டும். ஒரு கையை எடுத்துவிட்டால் ஹேண்டில்பார் ஆடும் என்றால், அறைக்குள்ளேயே பழகிவிட்டு வாருங்கள். படம் எடுக்கச் சட்டென்று பாதை நடுவில் நிற்பது அந்த ஊரில் மன்னிக்கப்படாத குற்றம். இரண்டு பேர் பக்கம் பக்கமாகக் கதை பேசிக்கொண்டு ஓட்டுவதும் கிட்டத்தட்ட அதே பிரிவில் வரும்.

இடது பக்கம் திரும்புவது தனிக் கலை. கார்களோடு சேர்ந்து நடுச் சாலைக்குப் போய்த் திரும்பக் கூடாது. முதலில் நேராகச் சந்திப்பைக் கடந்து எதிர் மூலைக்குப் போக வேண்டும், அங்கே வண்டியை இடது பக்கம் திருப்பி நின்று, அந்தச் சாலைக்கு வழி கிடைத்ததும் போக வேண்டும். ஒரு திருப்பத்துக்கு இரண்டு காத்திருப்பு. பஸ்ஸிலிருந்து ஆட்கள் நேராகச் சைக்கிள் பாதையில் இறங்குகிற நிறுத்தங்களில் நீங்கள்தான் நிற்க வேண்டும், அவர்கள் அல்ல. நம் ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்குபவர்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவார் என்பதால், இந்த ஒரு விதி மட்டும் மனதில் தங்கக் கொஞ்சம் நாளாகும்.

கிண்டலை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். பனி விழுந்தால் அந்த நகராட்சி முதலில் கூட்டித் தள்ளுவது முக்கியமான சைக்கிள் பாதைகளை, கார்களின் முறை அதற்குப் பிறகுதான். விடியும் முன்பே சின்னச் சின்ன வண்டிகள் சுழலும் துடைப்பத்தோடும் உப்புத் தண்ணீரோடும் போய்க்கொண்டிருக்கும். நோர்ரெப்ரோ சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சீராக மிதித்தால் சிக்னல்கள் வரிசையாகப் பச்சையாகவே கிடைக்கும், காலையில் ஊருக்குள் வருகிற திசையில், மாலையில் வெளியே போகிற திசையில். சில சிக்னல்களில் காலை ஊன்றிக்கொள்ளக் கம்பி வைத்திருக்கிறார்கள். மிதித்துக்கொண்டே குப்பை போட வசதியாகக் குப்பைத் தொட்டிகளைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் மழையிலும் மிதிப்பதற்குக் காரணம் வைராக்கியம் இல்லை, மற்ற எல்லா வழியையும்விட இது சுலபம் என்பதுதான். சரி, கிண்டலுக்குத் திரும்புவோம்.

பார்க்க வேண்டிய பாலங்கள் இரண்டு. 2014-இல் திறந்த 'சைக்கிள் பாம்பு', துறைமுகத் தண்ணீருக்கு மேல் ஆரஞ்சு நிறத்தில் வளைந்து வளைந்து போகும், சைக்கிளுக்கு மட்டுமே. ஆசைக்கு இரண்டு தடவை போய்வரலாம். இன்னொன்று நியூஹவ்னிலிருந்து கிறிஸ்டியான்ஸ்ஹவ்ன் போகும் துறைமுகப் பாலம். திட்டமிட்டதற்கு மூன்று வருடம் கழித்து, 2016-இல் திறந்தார்கள். கப்பல் வந்தால் பாலத்தின் இரண்டு பாதிகளும் பின்னால் நகர்ந்து விலகும், பிறகு வந்து சேரும். 'முத்தமிடும் பாலம்' என்று செல்லப் பெயர். முத்தத்தில் தப்பில்லை, சைக்கிள் பாதையை நடுவில் நெளித்துப் போட்டதுதான் தப்பு. வேகமாக இறங்கி வருபவர்கள் அந்த நெளிவில் தடுமாறி விழுந்த கதைகள் ஊருக்கே தெரியும். ஈரமான டிசம்பர் சாயங்காலத்தில் அங்கே மெதுவாகப் போங்கள், கிளிங் கேட்டாலும் பரவாயில்லை.

பண்டிகைக் கோலாகலத்துக்குச் சைக்கிளால் எந்த உபயோகமும் இல்லை என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். 1843-இல் தொடங்கிய டிவோலி பூங்காவில் கிறிஸ்துமஸ் விளக்குகள் கண்ணைப் பறிக்கும், உள்ளே சைக்கிளுக்கு அனுமதியில்லை. கடைத்தெருவான ஸ்ட்ரோயெட் முழுக்க நடப்பவர்களுக்கு. கொங்கன்ஸ் நியூடோர்வ் சதுக்கத்துச் சந்தையில் கூட்டத்துக்கு நடுவே வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். டிசம்பர் 13 லூசியா நாளன்று விளக்கு கட்டிய கயாக் படகுகள் வாய்க்காலில் வரிசையாக வரும், அருமையான காட்சி. அதையும் கரையில் நின்றுதான் பார்க்க முடியும். வண்டியை எங்கே நிறுத்தினோம் என்பதை மட்டும் படம் எடுத்து வையுங்கள். திரும்பி வரும்போது அதே கறுப்பு நிறத்தில் நானூறு வண்டிகள் நிற்கும்.

சந்தையில் குளொக் குடிக்கச் சொல்வார்கள். சிவப்பு ஒயினை மசாலாவோடு சூடாக்கி, உலர்திராட்சையும் பாதாம் சீவலும் போட்டுத் தருவது. கூடவே குழிச் சட்டியில் சுட்ட ஏப்லஸ்கீவர் உருண்டைகள், தொட்டுக்கொள்ள ஜாமும் பொடிச் சர்க்கரையும். உருண்டைகளை வயிறு கொண்ட மட்டும் சாப்பிடலாம். குளொக் விஷயத்தில் ஜாக்கிரதை. நிதானம் தவறிச் சைக்கிள் ஓட்டுவதும் அங்கே சட்டப்படி குற்றம். இரண்டாவது கோப்பை இறங்கிவிட்டால் வண்டியோடு எஸ்-ரயில் என்கிற புறநகர் ரயிலில் ஏறிவிடுங்கள், சைக்கிளுக்கு டிக்கெட் கேட்க மாட்டார்கள். மெட்ரோவில் கேட்பார்கள், கூட்ட நேரத்தில் ஏற்றவே மாட்டார்கள்.

கடைசியாக, 24-ஆம் தேதி. டென்மார்க்கில் கிறிஸ்துமஸ் என்பது 24 மாலைதான். மதியத்துக்குப் பிறகு கடைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தும், டிவோலியும் அன்று மூடியிருக்கும், எல்லோரும் வீட்டுக்குள் போய் மரத்தைச் சுற்றிக் கைகோத்துப் பாடத் தொடங்கிவிடுவார்கள். கடைகளுக்கு 25-உம் 26-உம் அதே கதைதான். சைக்கிள் பாதை காலியாக, பின்னால் ஒரு கிளிங்கும் இல்லாமல், நீங்கள் ஆசைப்பட்ட வேகத்தில் ஓட்டக் கிடைப்பது 24-ஆம் தேதிச் சாயங்காலம்தான். ஆனால் பஞ்சரானால் ஒட்டித் தர ஊரில் ஆள் இருக்க மாட்டார். ஆகவே 23-ஆம் தேதியே ரொட்டி, பால், முட்டை, பஞ்சர் கிட் எல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்க மறந்தவர்களுக்கு அன்றிரவு பெரும்பாலும் செவன் இலெவன் கடைதான் கதி. விருந்து ஹாட் டாக். கடுகுச் சாஸைக் கொஞ்சம் தாராளமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.